10.8 சதவீத வட்டிக்கு ஆசைப்பட்டு: கிரெடிட் கார்டு கடனால் கார் கடனை அடைத்தவரின் மதிப்புரை

குறைந்த வட்டி என்று விற்கப்படும் கிரெடிட் கார்டு கடனை வாங்கி, அந்தப் பணத்தால் என் கார் கடனை முன்கூட்டியே அடைத்து இப்போது பதினான்கு தவணைகள் கட்டிவிட்டேன். ஆண்டுக்கு 16 சதவீத வட்டியிலிருந்து 10.8 சதவீதத்துக்கு மாறியவனுக்கு நல்ல மிச்சம் இருக்கும் என்று நினைத்து, மதுரையில் எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர் இதே வழியில் போகலாமா என்று கேட்டார்கள். மூன்று பேருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: இருபத்துநான்கு மாதக் கணக்கையும் கடைசி ரூபாய் வரை போட்டுப் பார்த்தால், எனக்கு 289 ரூபாய் நட்டம். வங்கி என்னை ஏமாற்றவில்லை; எல்லாக் கட்டணமும் விதிமுறைத் தாளில் அச்சாகியிருந்தது. நான்தான் வட்டி விகிதத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டேன். ஏறக்குறைய இதே கடனைப் பல வங்கிகள் சிறு மாறுதல்களுடன் விற்பதால், வங்கியின் பெயரை இங்கே சொல்லவில்லை.

முதலில் பழைய கடன். பைபாஸ் சாலையில் ஒரு பழைய கார் விற்பனையகத்தில், மூன்று ஆண்டு ஓடிய ஸ்விஃப்ட் டிசையர் ஒன்றை வாங்கினேன். பழைய காருக்கு வங்கிகள் தயங்கியதால், விற்பனையகத்தாரே கைகாட்டிய ஃபைனான்ஸ் நிறுவனத்தில் 4,50,000 ரூபாயை 16 சதவீத நிலை வட்டிக்கு (காலம் முழுதும் மாறாத விகிதம்) 48 மாதங்களில் அடைப்பதாக வாங்கினேன். மாதத் தவணை 12,753 ரூபாய். இரண்டு ஆண்டுகள் ஒரு டியூவும் தவறாமல் கட்டியபின் அசலில் பாக்கி 2,60,460 ரூபாய் இருந்தது. பாதிக் காலம் முடிந்தும் பாதிக்கு மேல் அசல் நிற்கிறதே என்ற எரிச்சல், கடனைக் கட்டிய எல்லோருக்கும் பழக்கமானதுதான்.

அந்த எரிச்சல் இருந்த சமயத்தில்தான், சென்ற ஆண்டு ஆடி மாதம், என் கிரெடிட் கார்டு வங்கியிலிருந்து தொலைபேசி வந்தது. கார்டு வரம்பான மூன்றரை லட்சத்துக்குள் கடன் தயாராக இருக்கிறது, ஆவணம் எதுவும் வேண்டாம், மாதம் 0.9 சதவீதம்தான் வட்டி, அதுவும் குறையும் அசலுக்குத்தான் என்றார்கள். கார் தவணையை நேரடியாகக் கார்டில் தேய்த்துக் கட்ட ஃபைனான்ஸ் நிறுவனம் சம்மதிக்காது; ஏடிஎம்மில் கார்டு போட்டுப் பணம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே மாதம் மூன்றரை சதவீத வட்டி ஓடும். இந்தக் கடனில் அந்த இரண்டு தொல்லையும் இல்லை. பணம் என் சேமிப்புக் கணக்குக்கு வரும், தவணை மட்டும் மாதாமாதம் கார்டு பில்லில் ஏறும். பாக்கி அசலுக்கும் அதை முன்கூட்டி முடிக்கும் கட்டணத்துக்கும் சேர்த்து நான் கேட்ட 2,66,600 ரூபாய், சொன்னபடி இருபது நிமிடங்களில் கணக்குக்கு வந்து சேர்ந்தது. வேகத்துக்கும் எளிமைக்கும் மதிப்பெண் போடச் சொன்னால் பத்துக்குப் பத்து போடுவேன்.

அன்றைக்கு நான் போட்ட கணக்கு மிகவும் சின்னது. பழைய தவணை 12,753 ரூபாய், புதிய தவணை 24 மாதங்களுக்கு 12,401 ரூபாய். மாதம் 352 ரூபாய் மிச்சமானால் இரண்டு ஆண்டில் 8,448 ரூபாய். மகளின் பள்ளிக் கட்டணத்தில் ஒரு பகுதிக்கு ஆகும் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லியும்விட்டேன்.

முதல் பில் வந்தபோது அந்தப் பெருமை அடங்கியது. தவணை 12,401 ரூபாய்க்குக் கீழே, அந்த மாத வட்டியான 2,399 ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்று 432 ரூபாய் தனி வரியில் இருந்தது. இரண்டையும் கூட்டினால் 12,833 ரூபாய். நான் விட்டுவிட்டு வந்த பழைய தவணையைவிட 80 ரூபாய் அதிகம். அதற்கும் கீழே பிராசசிங் கட்டணமாக ஒரு சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேர்த்து 3,146 ரூபாய். சாதாரணமாக வங்கியோ ஃபைனான்ஸ் நிறுவனமோ தரும் கடனின் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. கிரெடிட் கார்டு சேவையில் வசூலிக்கும் வட்டிக்கு மட்டும் அந்த விலக்கு பொருந்தாது. அரசு விதி இது. வங்கியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் தொலைபேசியில் பேசியவர் 0.9 என்பதை நான்கு முறை சொன்னார், ஜிஎஸ்டி என்ற சொல்லை ஒருமுறையும் உச்சரிக்கவில்லை. அசல் குறையக் குறைய வட்டியும் அதன்மேல் வரியும் குறைவதால், ஆறாவது மாதத்தில்தான் என் பில் பழைய தவணைக்குக் கீழே இறங்கியது.

அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழுக் கணக்கையும் போட்டேன். பழைய கடனை அப்படியே விட்டிருந்தால் மீதி 24 மாதங்களில் நான் கட்டியிருக்கக்கூடிய வட்டி 45,610 ரூபாய். புதிய வழியில் கார்டு கடனின் வட்டி 31,022 ரூபாய், அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி 5,584 ரூபாய், பிராசசிங் கட்டணம் வரியுடன் 3,146 ரூபாய், கார் கடனை முன்கூட்டி முடித்ததற்கு ஃபைனான்ஸ் நிறுவனம் பிடித்த ஃபோர்குளோஷர் கட்டணம் 2 சதவீதமும் வரியும் சேர்த்து 6,147 ரூபாய். மொத்தம் 45,899 ரூபாய். அந்த 289 ரூபாய் இப்படித்தான் வந்தது. ஒப்பந்தப்படி 24 தவணைகள் முடிந்ததால்தான் 2 சதவீதம். அதற்கு முன் முடித்திருந்தால் 4 சதவீதம் பிடித்திருப்பார்கள், நட்டம் ஏழாயிரம் ரூபாயைத் தாண்டியிருக்கும்.

ஐந்து சதவீதத்துக்கு மேல் இருந்த வட்டி வித்தியாசம் எங்கே போனது என்று புரிந்துகொள்ள எனக்குச் சில நாட்கள் ஆயின. ஜிஎஸ்டியைச் சேர்த்தால் 10.8 சதவீதம் உண்மையில் 12.74 சதவீதம் ஆகிவிடுகிறது. இது எளிய பகுதி. கட்டணங்களில்தான் கண் ஏமாறுகிறது. அங்கே 2, இங்கே 1, அவற்றுக்கு வரி என்று மொத்தம் மூன்றரை சதவீதம், ஒரே முறைதானே என்று தோன்றும். ஆனால் மாதாமாதம் அசலைக் கட்டிக்கொண்டே வருவதால், இரண்டு ஆண்டுக் கடனில் சராசரியாக நம் கையில் நிற்பது ஏறத்தாழ பாதித் தொகைதான். ஆகவே முழுத் தொகையின்மேல் ஒருமுறை கட்டும் மூன்றரை சதவீதம், நம்மிடம் நிற்கும் தொகையின்மேல் ஆண்டுக்கு ஏறக்குறைய அதே மூன்றரை சதவீதமாகவே விழுகிறது. 12.74 உடன் அதைக் கூட்டினால் பழைய 16க்கே வந்து நிற்கிறோம். மீதிக் காலம் நான்கு ஆண்டாக இருந்திருந்தால் அந்தக் கட்டணம் பரவி மெலிந்து, எனக்கு உண்மையாகவே மிச்சமாகியிருக்கும். ஓராண்டே மீதி இருப்பவர் இந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

இதைவிட மோசமான ஒன்றிலிருந்து தப்பித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். வேறொரு வங்கி மாதம் 0.75 சதவீதம் என்று குறுஞ்செய்தி அனுப்பியிருந்தது. விசாரித்தால் அது பிளாட் வட்டி. அதாவது, அசல் குறைந்தாலும் கடைசி மாதம் வரை முழுத் தொகைக்கும் வட்டி. ஆண்டுக்கு 9 சதவீதம் என்று தோன்றும் அந்த விகிதம், 24 மாதக் கடனில் குறையும் அசல் கணக்குக்கு மாற்றினால் 16.4 சதவீதம் வருகிறது, அதன்மேல் ஜிஎஸ்டி வேறு. 'பிளாட்டா, குறையும் அசலா' என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்காமல் எந்தக் கார்டு கடனையும் தொடக் கூடாது.

பழைய கடனை முடித்த நடைமுறையும் இந்த மதிப்புரையில் சேர வேண்டியதுதான். ஃபைனான்ஸ் நிறுவனத்தின் சிம்மக்கல் கிளையில் ஃபோர்குளோஷர் கடிதம், அதாவது கடனை முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று சொல்லும் கடிதம், கேட்டபோது, ஊழியர்கள் முதலில் மேலாளர் இல்லை என்றார்கள், மறுநாள் சர்வர் இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் கொடுத்த கடிதத்தில் ஐந்து நாள் செல்லுபடி என்று இருந்தது. தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வட்டி கூடும் என்பதால், கார்டு கடனை அந்தக் கடிதம் கைக்கு வந்தபின் வாங்குவதே சரியான வரிசை. பணத்தை நெஃப்ட் மூலம் அனுப்பி, கணக்கு முடிந்ததற்கு ரசீதும் வாங்கியபின், அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வழக்கம்போல் 12,753 ரூபாய் என் கணக்கிலிருந்து பிடிக்கப்பட்டது. தானாகப் பணம் எடுக்கக் கொடுத்திருந்த நாச் ஒப்புதலை அவர்கள் ரத்து செய்யவில்லை. திருப்பித் தரப் பதினொரு நாட்கள் எடுத்துக்கொண்டார்கள். கடனை முடிக்கும் அன்றே நம் வங்கியில் அந்த ஒப்புதலை நாமே ரத்து செய்துவிடுவது நல்லது. இப்படி ஏதாவது நடந்து நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்தும் முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்கிறார்கள். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

நான் இந்த மாற்றத்தில் வருந்தாததற்கு ஒரே காரணம் ஆர்சி புத்தகம். கார் இப்போது யாருக்கும் அடமானத்தில் இல்லை. கார்டு கடனுக்கு வண்டி ஈடு கிடையாது என்பதால், ஆர்சியில் இருந்த ஹைப்போதிகேஷன் பதிவை, அதாவது வண்டி கடனுக்கு ஈடு என்ற குறிப்பை, நீக்கிக்கொள்ள முடிந்தது. நம் ஊரில் எல்லோரும் ஹெச்.பி. கேன்சல் என்றுதான் சொல்வார்கள். ஃபைனான்ஸ் நிறுவனம் தடையின்மைச் சான்றையும், கையெழுத்திட்ட படிவம் 35-ஐ இரண்டு பிரதிகளாகவும் தர வேண்டும். கடன் முழுதும் அடைந்தபின் ஆவணங்களை 30 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும், தாமதத்துக்கு அவர்களே காரணம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் உத்தரவிட்டிருக்கிறது. அந்த உத்தரவின் நகலைக் காட்டியபின் எனக்கு இருபத்திரண்டாம் நாள் எல்லாம் கிடைத்தது. என் வண்டி டிஎன் 59 என்பதால் மதுரை வடக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்து, காகிதங்களைக் கொடுத்து, பெயர் நீங்கிய ஆர்சி வந்தது. இதோடு நிறுத்திவிடாமல் காப்பீட்டு பாலிசியிலும் ஃபைனான்ஸ் பெயரை நீக்கச் சொல்லுங்கள். வண்டி முழுச் சேதமானால் இழப்பீடு அந்தப் பெயர் இருக்கும் இடத்தைத் தேடிப் போகும்.

மாதாந்திர வாழ்க்கையில் இந்தக் கடன் தரும் தொந்தரவு வேறு வகை. தவணையும், அன்றாடச் செலவும், வரியும் ஒரே பில்லில் கலந்து வருகின்றன. கார் கடனில் டியூ தேதியன்று பணம் இருந்தால் போதும், நினைக்கக்கூட வேண்டாம். இங்கே 'மொத்த நிலுவை', 'குறைந்தபட்சத் தொகை' என்று இரண்டு எண்கள் ஒவ்வொரு மாதமும் நம்மைச் சோதிக்கின்றன. சென்ற தீபாவளிக்கு விளக்குத்தூண் பக்கம் துணி எடுத்ததில் 18,400 ரூபாய் இதே கார்டில் தேய்த்தேன். தவணை முழுதும் குறைந்தபட்சத் தொகைக்குள் அடங்கிவிடுவதால், அதைக் கட்டினால் போதும் என்று அந்த மாதம் விட்டுவிட்டேன். துணிப் பணத்துக்கு வாங்கிய நாளிலிருந்தே மாதம் மூன்றரை சதவீதம் ஏறி, வரியோடு ஆயிரத்துச் சொச்சம் போனது. பாக்கி வைத்தால் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. இப்போது அந்தக் கார்டைப் பீரோவில் வைத்துவிட்டு, செலவுக்கு யுபிஐ மட்டுமே.

மூன்றரை லட்ச வரம்பில் 2,66,600 ரூபாய் அடைபட்டுவிட்டதால் வரம்பில் முக்கால் பங்குக்கு மேல் பயன்படுத்தியதாகக் கணக்காகி, கடன் கொடுப்பவர்கள் பார்க்கும் என் சிபில் மதிப்பெண் 782-லிருந்து 741-க்கு இறங்கியது. தவணை கட்டக் கட்ட ஏறிக்கொண்டு வருகிறது. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மேலூரில் இருக்கும் என் தாய்மாமாவிடம் இந்தக் கணக்கைக் காட்டியபோது, "பெட்டிக்குள்ள நகை தூங்குது, நீ அட்டையத் தூக்கிக்கிட்டு அலையுற மாப்ள" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அப்போது ஒத்தக்கடையிலேயே ஒரு பொதுத்துறை வங்கியில் நகைக்கடன் வட்டி 10 சதவீதத்துக்குள் இருந்தது, அந்த வட்டிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. வீட்டில் நகையைக் கேட்கக் கூச்சப்பட்டு நான் அந்த வழியை யோசிக்கவே இல்லை. 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் மாறும் வட்டிக் கடன்களில், தொழிலுக்கு அல்லாமல் சொந்தத் தேவைக்கு வாங்கிய தனிநபரிடம் முன்கூட்டி அடைப்புக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. என்னுடையது அதற்கு முந்தைய கடன், அதுவும் நிலை வட்டி. அந்தச் சலுகை எனக்கு எட்டவில்லை. புதிதாகக் கார் கடன் வாங்குபவர்கள் வட்டி நிலையானதா மாறுவதா என்று கேட்பதோடு, ஃபோர்குளோஷர் பத்தியையும் படித்துவிட வேண்டும்.

சென்ற வாரம் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, மீதியுள்ள 1,18,086 ரூபாய் அசலை மொத்தமாகக் கட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். இந்தக் கடனை முன்கூட்டி முடிக்கவும் 3 சதவீதமும் வரியும், அதாவது 4,180 ரூபாய், கட்ட வேண்டுமாம். மீதிப் பத்து மாதத்துக்கு வட்டியும் ஜிஎஸ்டியும் சேர்த்தே 6,989 ரூபாய்தான் வருகிறது. 2,809 ரூபாய் மிச்சத்துக்காகத் தை மாதம் எடுக்கவிருக்கும் சீட்டுப் பணத்தை இதில் போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அது மகளின் கல்லூரிக்கு.