சோலார் கொட்டேஷன்: ராமநாதபுரம் கடலோர வீட்டுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று நம் கடலோரம் முழுக்க வீட்டு மாடியில் சோலார் போட ஆட்கள் வந்து கொட்டேஷன் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பி.எம். சூர்ய கர் திட்டம் வந்த பிறகு இது இன்னும் அதிகம். திட்டம் நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தத் திட்டத்தைக் காட்டி ஒரு விற்பனையாளர் எங்கள் வீட்டில் செய்துவிட்டுப் போன வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. அதே மாதிரி எழுதப்பட்ட இன்னொரு கொட்டேஷனை, வேறொருவர் கொடுத்தது, தங்கச்சிமடத்தில் என் மைத்துனர் வீட்டிலும் பார்த்தேன். அதனால் இது ஒரு ஆளோடு முடிகிற விஷயம் இல்லை.

எங்களுக்கு பேட்டரி வேண்டும் என்பதில் ஆரம்பத்திலிருந்தே மாற்றமில்லை. வாடைக் காலத்தில் ராத்திரி கரண்ட் போனால் சில நாள் விடிந்துதான் வரும். அம்மாவுக்கு ஃபேன் இல்லாமல் மூச்சு முட்டும். இங்கே ஒன்றை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மின்வாரிய லைனோடு இணைத்து ஓடும், பேட்டரி இல்லாத ஆன்கிரிட் சோலார் போட்டால், பட்டப்பகல் வெயிலில்கூட வெளியே கரண்ட் போனால் வீட்டிலும் போய்விடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனுக்கு நம் வீட்டிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். அது குறை இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் இதைச் சொல்லாமலே ஆன்கிரிட்டை விற்கிறார்கள்.

மூன்று கொட்டேஷன் வாங்கினோம். ஒன்று, 3 கிலோவாட் ஆன்கிரிட் மட்டும், 2 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. இரண்டாவது, 3 கிலோவாட், லைனோடும் பேட்டரியோடும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டர், 5 யூனிட் கரண்ட் சேமிக்கும் லித்தியம் பேட்டரி, எல்லாம் சேர்த்து 3 லட்சத்து 40 ஆயிரம். மூன்றாவது, அதே 3 கிலோவாட், ஹைபிரிட், "7.2 கிலோவாட் பேட்டரி" (யூனிட்டைத்தான் அப்படி எழுதியிருந்தார்), 2 லட்சத்து 52 ஆயிரம்.

"அண்ணே, அவங்க அஞ்சுதான் தர்றாங்க. நாங்க ஏழே கால் தர்றோம், விலையும் கம்மி. கமுதியில 648 மெகாவாட் சோலார் எதுக்கு வச்சாங்க? வெயில் நம்ம மாவட்டத்துலதானே இருக்கு. கிலோவாட்டுக்கு தினம் ஆறு யூனிட் வரும்" என்றார் மூன்றாவது கொட்டேஷன் கொடுத்தவர். அவருக்கே ஆர்டர் கொடுத்தோம். கமுதியில் 2016-இல் அந்தப் பெரிய சோலார் பண்ணை வந்தது உண்மை. ஆனால் வீட்டு மாடியில் ஒரு கிலோவாட்டுக்கு வருஷச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் என்று வைத்துக் கணக்குப் போடுவதுதான் சரி. ஆறு யூனிட் என்று யார் சொன்னாலும் அவர் மற்றதையும் கூட்டித்தான் சொல்வார்.

முதலில் விலையைப் பாருங்கள். அந்த 2 லட்சத்து 52 ஆயிரம், மானியத்தைக் கழித்த பிறகு வரும் தொகை. 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் அதிகமாகாது. பேட்டரிக்கு மானியமே கிடையாது. இந்தப் பணம் வேலை முடிந்து, நெட் மீட்டர் (வரும் கரண்ட், போகும் கரண்ட் இரண்டையும் அளக்கும் இருவழி மீட்டர்) வைத்து, சரிபார்த்த பிறகு நம் வங்கிக் கணக்குக்கு வருவது. விற்பவருக்கு நாம் கொடுக்க வேண்டியது முழுத் தொகை, அதாவது 3 லட்சத்து 30 ஆயிரம். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது: பேட்டரிக்கு ஜிஎஸ்டி தனி, மாடியில் ஆள் நடக்கும் உயரத்துக்கு ஸ்ட்ரக்சர், அதாவது பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டம், தூக்கினால் தனி, நெட் மீட்டருக்கு மின்வாரியத்தில் கட்டுவது தனி. எல்லாம் கூட்டிப் பார்த்தால் 3 லட்சத்து 40 ஆயிரம் கொட்டேஷனைத் தாண்டிவிட்டது. அந்த 3 லட்சத்து 40 ஆயிரம் கேட்டவர் எல்லாவற்றையும் உள்ளே போட்டு எழுதியிருந்தார், அதனாலேயே அவர் விலை அதிகம் போலத் தெரிந்தது. நேர்மையாக எழுதியவர் தோற்று, மறைத்து எழுதியவர் ஆர்டர் வாங்கிக்கொண்டு போவது எனக்கு இன்னும் வயிறு எரிகிற விஷயம்.

ஜிஎஸ்டி என்றதும் இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய கணக்கில் யாராவது போட்டுக் கொடுத்தால் கேளுங்கள்.

அடுத்தது பேட்டரி. பெரிய ஏமாற்று இதில்தான். வந்து இறங்கியது 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) டியூபுலர் பேட்டரி நான்கு. டியூபுலர் என்பது ஈய பேட்டரி. 12-ஐ 150-ஆல் பெருக்கினால் 1,800 வாட்-அவர், அதாவது 1.8 யூனிட். நான்குக்கு 7.2. தாளில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் சீக்கிரம் போய்விடும். ஆக நிம்மதியாக எடுக்கக்கூடியது 3.6 யூனிட், இன்வெர்ட்டரில் போகும் இழப்பு போக 3 யூனிட் சொச்சம். 5 யூனிட் லித்தியத்தில் எண்பது, தொண்ணூறு சதவீதம் வரை எடுக்கலாம், அதே இழப்பு போகவும் நாலு யூனிட் பக்கம் கிடைக்கும். அதாவது "அஞ்சு" தருகிறேன் என்றவர்தான் உண்மையில் அதிகம் தருகிறார். லித்தியம் பல ஆயிரம் தடவை சார்ஜ் ஏறி இறங்கும். டியூபுலர் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு தடவையிலேயே தளர்ந்துவிடும், டிஸ்டில்ட் வாட்டரும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆர்டர் கொடுக்கும் முன்பே, ராத்திரி எத்தனை யூனிட் எடுக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். "ஏழு யூனிட் தாராளமா எடுக்கலாம்ண்ணே" என்று பதில் வந்தது. புகாரில் முதல் ஆதாரமாக அந்த வரியைத்தான் வைத்திருக்கிறேன்.

இதிலும் ஒரு உள்குத்து இருந்தது. கொட்டேஷனில் "சோலார் பேட்டரி" என்று போட்டிருந்தார். வந்த பேட்டரியின் ஸ்டிக்கரில் 150 ஏஎச் பக்கத்தில் சின்ன எழுத்தில் சி20 என்று இருந்தது. சோலாருக்கென்று விற்கும் பேட்டரி சி10. பத்து மணி நேரத்தில் காலி செய்தாலும் எழுதிய அளவு கிடைக்கும் என்று பொருள். சி20 என்றால் இருபது மணி நேரமாக மெதுவாக எடுத்தால்தான் அந்த அளவு. வேகமாக எடுத்தால் குறையும். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை சோலார் பேட்டரி விலைக்குத் தள்ளிவிட்டார்கள். கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதாண்ணே" என்றார்கள். மூன்று ஃபேன், ஃப்ரிட்ஜ், இரண்டு லைட் ஓடினால் நள்ளிரவு தாண்டியதும் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிக்கிறது. அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, நம் ஊருக்கே உரியது. உப்புக் காற்று. வடகடல் பக்கம் வாடையிலும், தென்கடல் பக்கம் தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றிலும் மாடியில் கை வைத்தால் பிசுபிசுக்கும். இங்கே ஸ்ட்ரக்சர் ஹாட் டிப் கால்வனைஸ் செய்ததாக இருக்க வேண்டும். அதாவது வெட்டி, துளைபோட்டு, வெல்டிங் எல்லாம் முடித்த பிறகு உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது. பூச்சு 80 மைக்ரான் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். எனக்கு வந்த தாளில் வெறும் "ஜி.ஐ. ஸ்ட்ரக்சர்" என்றுதான் இருந்தது. வாயால் ஹாட் டிப் என்றார்கள். மாடிக்கு வந்தது கடையில் விற்கும் மெல்லிய பூச்சுப் பைப். அதை மாடியிலேயே வெட்டி, வெல்டிங் வைத்து, வெல்டிங் வைத்த இடத்தில் சில்வர் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். அப்படி வெல்டிங் மேல் சில்வர் பெயின்ட் கண்ணில் பட்டால், அது முழுதாக ஹாட் டிப் செய்ததுதானா என்று சந்தேகப்படுங்கள்.

முதல் வாடையிலேயே அந்த இடங்களிலிருந்து துரு வழிந்து, வெள்ளையடித்த கைப்பிடிச் சுவரில் பழுப்புக் கோடு விழுந்துவிட்டது. "எஸ்.எஸ். போல்ட்" என்று பில்லில் இருந்த போல்ட்டில் பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 304 என்றால் காந்தம் ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான் இழுக்கும். இது பச்சென்று பிடித்துக்கொண்டது, இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் மறை உதிர்கிறது. இந்த போல்ட்தான் புயல் காற்றில் ஆறு பேனலைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பேனல் பறந்தால் நம் வீட்டோடு போகாது, பக்கத்து வீட்டு ஓட்டில் போய் விழும். இதை வெறும் பண நஷ்டமாக என்னால் பார்க்க முடியவில்லை.

பேனலில் குறை சொல்ல மாட்டேன். மானியத்துக்கு இந்தியாவில் செய்த செல், இந்தியாவில் செய்த பேனல் இரண்டும் கட்டாயம். அதைச் சரியாகத்தான் போட்டிருந்தார்கள், மானியமும் வந்தது. கடலோரத்துக்கு இன்னொன்று கேளுங்கள். பேனல் உப்புக் காற்றைத் தாங்குமா என்று பார்க்க ஐ.இ.சி. 61701 என்று ஒரு சோதனை இருக்கிறது. அதில் தேறிய சான்றிதழை விற்பவர் காட்ட வேண்டும்.

எர்த்திங் பற்றிச் சுருக்கமாக. பேனல் பக்கம் ஒன்று, ஏ.சி. பக்கம் ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என மூன்று குழி வேண்டும். எங்கள் வீட்டில் ஒரே குழியில் மூன்று கம்பியையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை எலக்ட்ரீஷியன், அவர் வந்து பார்த்துத்தான் சொன்னார். அப்புறம், நெட் மீட்டர் வரும் முன்பே சிஸ்டத்தை ஆன் செய்துவிட்டுப் போனார்கள். பழைய மீட்டர் நாம் வெளியே அனுப்பும் கரண்ட்டையும் நாம் செலவழித்ததாகவே ஏற்றிவிடக்கூடும். எங்களுக்கு அந்த இரண்டு மாத பில் எகிறியதுதான் மிச்சம். இருவழி மீட்டர் மாட்டும் வரை ஆன் செய்ய விடாதீர்கள்.

கொட்டேஷன் ஒப்பிடும்போது எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். மானியம் கழிக்காமல், வரியும் மீட்டர் செலவும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? பேட்டரியில் எடுக்கக்கூடிய யூனிட் எவ்வளவு, என்ன வகை, சி10-ஆ? ஸ்ட்ரக்சர் ஹாட் டிப்பா, எத்தனை மைக்ரான்? போல்ட் என்ன கிரேடு? திட்டத்தின்படி ஐந்து வருஷப் பராமரிப்பு விற்பவர் பொறுப்பு, அதையும் எழுதச் சொல்லுங்கள். திட்டத்தின் தளத்தில் அவர் பெயர் பதிவாகி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கடைசித் தவணையை நெட் மீட்டர் மாட்டும் வரை கையில் வைத்திருங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915-இல் நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடலாம். நான் அங்கே சொன்ன பிறகுதான் கடைக்காரர் போனையே எடுத்தார். போல்ட்டை மட்டும் மாற்றித் தந்தார், பேட்டரிக்கும் பைப்புக்கும் கை விரித்துவிட்டார். ராமநாதபுரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். நாங்கள் போட்டுவிட்டோம். ஸ்டிக்கர், துரு, எர்த் குழி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, வாட்ஸ்அப் பேச்சையும் அச்செடுத்து இணைத்திருக்கிறோம். அடுத்த வாடை வரைக்கும் அந்தப் பைப்பை நம்பி இருக்க முடியாது என்பதால் ஸ்ட்ரக்சரை மட்டும் இப்போது சொந்தச் செலவில் மாற்றுகிறோம். கழற்றும் பைப்பை எடைக்குப் போடாமல் பத்திரமாக வைக்கவும், புதிய பில்லை மனுவோடு சேர்க்கவும் வக்கீல் சொல்லியிருக்கிறார்.