கோத்தகிரியில் எட்டு ஆண்டுகள்: ஓய்வுக்காலத்துக்கு ஒரு மலையூர்

2017 ஜூன் மாதம் நானும் என் கணவரும் திருச்சியிலிருந்து கோத்தகிரிக்குக் குடிவந்தோம். அதற்கு முந்தைய ஆண்டு நான் இயற்பியல் ஆசிரியையாகவும் அவர் பொன்மலை ரயில்வே பணிமனையிலிருந்தும் ஓய்வுபெற்றிருந்தோம். இருவருக்கும் நடப்பதில் விருப்பம் அதிகம். திருச்சி வெயிலில் காலை ஏழரை மணிக்கே நடை முடிந்துவிடும். நாள் முழுவதும் எந்த நேரத்திலும் வெளியே இறங்கி நடக்கக்கூடிய ஓர் ஊர் வேண்டும் என்பதுதான் எங்கள் முதல் நிபந்தனையாக இருந்தது. எட்டு மழைக்காலங்களைப் பார்த்துவிட்ட பிறகு, இதே எண்ணத்தோடு மலையூர் தேடுகிறவர்களுக்குப் பயன்படும் என்று நான் நம்புவதை இங்கே எழுதுகிறேன்.

கொடைக்கானல், ஏற்காடு, குன்னூர், உதகை ஆகிய ஊர்களையும் நாங்கள் பார்த்தோம். உதகை 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் அதன் குளிர் என் கணவரின் மூட்டுகளுக்கு ஒத்துவரவில்லை. கொடைக்கானலில் பெரிய மருத்துவமனைக்கு இறங்கும் தூரம் எங்களை யோசிக்க வைத்தது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், தொட்டபெட்டா மலைத்தொடருக்குக் கிழக்கே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் பெரும்பகுதியை அந்த மலைத்தொடர் தடுத்துவிடுவதால், ஜூன், ஜூலை மாதங்களில் மேற்கு நீலகிரி நனைந்துகொண்டிருக்கும்போது இங்கே சாரலோடு நடந்துவிட்டு வரலாம். மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், குன்னூர் ஏறத்தாழ 20, உதகை ஏறத்தாழ 30 என மூன்று பக்கமும் சாலை இருப்பதும் ஒரு பலம். 1819இல் கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் மலையேறி வந்து முதலில் தங்கியதும் இந்தப் பகுதியில்தான். கன்னேரிமுக்கில் உள்ள அவரது பங்களா இன்று நினைவகமாக இருக்கிறது. அங்கு நடந்தே போய்வருவோம்.

ஆனால் தேர்வு செய்தபோது நாங்கள் ஒரு பெரிய தவறு செய்தோம். ஊரைப் பார்க்க வந்தது ஏப்ரல், மே மாதங்களில். அந்த இரண்டு மாதங்களில் எந்த மலையூரும் நல்ல ஊராகத்தான் தெரியும். கோத்தகிரியின் உண்மையான மழைக்காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவம் என்பதைப் படித்திருந்தோமே தவிர, அந்த மழையில் ஒரு வீடு எப்படி இருக்கும் என்பதைப் பார்த்திருக்கவில்லை.

முதலில் வாடகைக்கு எடுத்த வீடு சரிவின் கீழ்ப்பக்கம், மண்ணை வெட்டிச் சமன்படுத்திய இடத்தில் இருந்தது. பின்பக்கச் சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் இடையே ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. மே மாதத்தில் அந்தச் சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். நவம்பர் இரண்டாம் வாரம் அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரத்திட்டு தோன்றியது. மாதம் முடிவதற்குள் அது அலமாரியின் உயரத்துக்கு ஏறிவிட்டது. பிற்பகல் இரண்டு மணிக்கே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடுவதால் எதுவும் உலரவில்லை. அலமாரியைத் திறந்தால் பழைய சாக்கு நாற்றம் அடித்தது. பருத்திப் புடவைகளின் மடிப்புகளில் கரும்புள்ளிகள், தோல் செருப்பில் வெண்ணிறப் பூஞ்சை, சாடியில் கல்லாக இறுகிய உப்பு. பறவை பார்ப்பதற்காக ஓய்வூதியப் பணத்தில் வாங்கிய பைனாகுலரின் கண்ணாடிக்குள் சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்ததைக் கண்ட அன்று எனக்கு உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது. வீட்டைக் காட்டிய தரகர், 'மலையில் எல்லா வீடும் இப்படித்தான்' என்று சொல்லிவிட்டார். அது உண்மையில்லை. மேட்டில், தென்கிழக்கு பார்த்த, நான்கு பக்கமும் காற்று புகும் இப்போதைய வீட்டில் அதே மழைக்காலம் தொந்தரவில்லாமல் கழிகிறது. ஆகவே வீட்டை நவம்பர் மாதப் பிற்பகலில் பாருங்கள். வெயில் எத்தனை மணிவரை விழுகிறது, மேட்டுத் தண்ணீர் எந்த வழியாக வடிகிறது, பின்சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். சன்னலுக்கு வெளியே தெரியும் காட்சியை அதன்பின் பார்த்துக்கொள்ளலாம்.

நடைக்காக வந்தோம் என்று சொன்னேன். அந்த விஷயத்தில் கோத்தகிரி எங்களை ஒருநாளும் ஏமாற்றவில்லை. ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டரில் லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர் மட்டுமே பரப்புள்ள இந்தச் சோலைக்காட்டுக்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்குத் தரப்படும் ராம்சார் தகுதி 2024இல் கிடைத்தது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்களும் வீடுகளும் நெருக்கிக்கொண்டிருக்க, நடுவில் ஒரு பஞ்சுபோல இந்தக் காடு மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கீழேயுள்ள ஊர்களின் ஓடைகளுக்கு விடுகிறது. உள்ளே நடக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். மழைக்காலத்தில் அட்டைகளுக்கும் தயாராக வேண்டும். நீலகிரிச் சிரிப்பானின் குரலை அநேகமாக எல்லா நாளும் கேட்கலாம். கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானை நான் முதன்முதலாகக் கண்டது இங்குதான்: பாசி பிடித்த ஒரு கிளையில், என் கைக்கு எட்டும் தூரத்தில், எந்தப் பயமும் இல்லாமல் அது உட்கார்ந்திருந்தது. இன்னும் கடினமான நடை வேண்டுவோருக்கு, 2024 முதல் தமிழக அரசு இணையப் பதிவின் மூலம் திறந்துவிட்டிருக்கும் மலையேற்றப் பாதைகளில் கரிக்கையூரிலிருந்து பொறிவரை பாறை ஓவியங்களுக்கும் ரங்கசாமி சிகரத்துக்கும் செல்லும் வழிகள் கோத்தகிரிப் பக்கத்திலேயே இருக்கின்றன. பொறிவரைக்கு நான் 66 வயதில் சென்று வந்தேன்.

இருந்தாலும் எங்கள் அன்றாட நடை தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் ஒற்றையடிப் பாதைகளில்தான். அங்கேதான் காட்டெருமைகளோடு பழகக் கற்றுக்கொண்டோம். இரண்டாம் ஆண்டு ஜனவரியில் ஒரு காலை, மூடுபனிக்குள் வளைவு திரும்பியபோது பத்தடி தூரத்தில் ஒரு கிடா நின்றது. நான்கு கால்களிலும் வெள்ளைக் காலுறை போட்டதுபோல நிறம், முதுகில் பனித்துளிகள், மூக்கிலிருந்து புகைபோல மூச்சு. நான் திரும்பி ஓட எத்தனித்தபோது கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், குரலை உயர்த்தாமல், "டீச்சர், ஓடாதீங்க. அப்படியே பின்னாடி வாங்க. அதுக்கு வழி விடுங்க" என்றார். ஆயிரம் கிலோ எடையை எட்டக்கூடிய அந்த விலங்கு தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுச் செடிகளுக்குள் இறங்கிப் போனது. அன்றிலிருந்து விடிந்த பிறகே கிளம்புவது, மாலை ஐந்தரைக்குள் திரும்பிவிடுவது, மூடுபனியில் பேசிக்கொண்டே நடப்பது என்று வைத்திருக்கிறோம். கரடிகளும் சிறுத்தைகளும் ஊருக்குள் வருகின்றன. இருட்டிய பிறகு நடை என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. கீழே குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானைகள் சாலைக்கு வருவதால், அந்த மாதங்களில் மேட்டுப்பாளையம் பயணத்தையும் பகலிலேயே முடித்துக்கொள்கிறோம்.

இனி மருத்துவம். ஊரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. எனினும் இதயம், மூளை சார்ந்த பெரிய சிகிச்சை என்றால் பெரும்பாலும் கோவைக்கு இறங்க வேண்டியிருக்கிறது. 2021 நவம்பரில் ஓர் இரவு என் கணவருக்கு நெஞ்சுவலி வந்தது. உள்ளூரில் ஊசி போட்டு, ஆக்சிஜனோடு 108 வாகனத்தில் ஏற்றினார்கள். பாதி வழியில் சாலையின் குறுக்கே மரம் விழுந்து கிடந்தது. அதை அறுத்து அகற்ற ஐம்பது நிமிடங்கள் ஆயின. மழை வாகனத்தின் கூரையில் அடித்துக்கொண்டிருக்க, அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஐம்பது நிமிடங்களை நான் மறக்கவே முடியாது. அவர் பிழைத்துக்கொண்டார், ஒரு ஸ்டென்ட் வைத்து, ஆறு வாரம் கோவையில் மகள் வீட்டில் தங்கிவிட்டு மேலே வந்தோம். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் முதல் வாரம் தொடங்கி டிசம்பர் நடுப்பகுதிவரை மகள் வீட்டுக்கு இறங்கிவிடுகிறோம். இதய நோய் உள்ளவர்கள், கீழே தங்க இடமில்லாதவர்கள் மலையூரை நிரந்தர இருப்பிடமாகக் கொள்ள வேண்டாம் என்றே நான் சொல்வேன். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், நீலகிரி மாவட்டம் முழுவதும் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததும் இங்குள்ளவர்களின் நினைவில் இன்னும் ஆறாமல் இருக்கின்றன. கன மழை பெய்யும் இரவுகளில் அண்டை வீட்டார் விளக்கை அணைப்பதில்லை.

அன்றாட வாழ்க்கை எளிது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் பருப்பும் சோறும் குக்கரில்தான். வந்த புதிதில் மாடி ஏறினாலே மூச்சு வாங்கியது. மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் தோட்டத்திலிருந்து வந்த அன்றே கிடைக்கும். பருவத்தில் தவிட்டுப்பழம், விக்கிப்பழம் போன்ற மலைப்பழங்களை வழியோரத்தில் விற்பார்கள். மீன் மட்டும் திருச்சியில் கிடைத்த அளவுக்கு இல்லை. கோடையில் குழாய்த் தண்ணீர் சில நாள்களுக்கு ஒருமுறைதான் வரும். இரண்டாயிரம் லிட்டர்த் தொட்டி இல்லாத வீட்டை எடுக்காதீர்கள். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாகிவிட்டதால், பிள்ளைகள் வரும்போது முன்கூட்டியே பதிவு செய்துவிடுகிறார்கள்.

ஊரோடு பழக எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. சுற்றியுள்ளவை பெரும்பாலும் ஹட்டிகள், அதாவது நீலகிரியின் படகர் சமூகத்தாரின் கிராமங்கள். எல்லோரும் தமிழ் பேசுவார்கள். ஆனால் தங்களுக்குள் படகர் மொழியில் பேசிக்கொள்ளும்போது நாம் விருந்தாளிதான் என்பது புரியும். நான் பக்கத்து ஹட்டிப் பிள்ளைகளுக்கு மாலையில் இயற்பியலும் கணக்கும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் நிலைமை மாறியது. இப்போது அவர்களின் தெய்வமான ஹெத்தையம்மனின் பண்டிகைக்கு அழைப்பு வருகிறது. வீட்டில் விளைந்த அவரை வருகிறது. பச்சைத் தேயிலைக்கு விலை விழும் மாதங்களில் அந்த வீடுகளில் நிலவும் கவலையும் எங்கள் வாசல்வரை வருகிறது. நாலு சுவருக்குள் காட்சியை ரசித்துவிட்டு, ஊரோடு ஒட்டாமல் இருந்து, இரண்டே ஆண்டில் வீட்டை விற்றுவிட்டுக் கீழே போன மூன்று குடும்பங்களை எனக்குத் தெரியும். குளிரைவிடத் தனிமைதான் அவர்களை அனுப்பியது என்பது என் கணிப்பு.

மனை வாங்குவதைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நீலகிரியில் கட்டடத்தின் உயரத்துக்கு ஏழு மீட்டர் வரம்பு உண்டு. சரிவு, வன எல்லை, நில வகைப்பாடு ஆகியவற்றைப் பொறுத்துப் பல துறைகளின் ஒப்புதல் தேவைப்படும். இந்த மண்ணின் நிலைமை தெரிந்தவர்கள் அந்தக் கட்டுப்பாடுகளைக் குறைசொல்ல மாட்டார்கள். நாங்கள் எங்கள் சேமிப்பை நிலத்தில் போடாமல் வாடகைக்கே இருக்கிறோம். அறுபது வயதுக்கு மேல் வீடு கட்டி, எழுபத்தைந்தில் அதை விற்க ஆள் தேடும் நிலை எங்களுக்கு வேண்டாம் என்று தீர்மானித்தோம்.

என் கணவரின் முழங்கால் இப்போது இறக்கத்தில் வலிக்கிறது. வீட்டிலிருந்து சாலைக்கு ஏற 46 படிகள் இருக்கின்றன. போன மாதம் வாடகை ஒப்பந்தத்தைப் பதினொரு மாதத்துக்குப் புதுப்பித்தபோது, வீட்டுக்காரர் தம் செலவில் அந்தப் படிகளுக்கு இரும்புக் கைப்பிடி போட்டுத் தந்தார். காலையில் அதைப் பிடித்துக்கொண்டு அவர் முதலில் ஏறுகிறார். ஃபிளாஸ்க்கையும் புது பைனாகுலரையும் எடுத்துக்கொண்டு நான் பின்னால் போகிறேன்.