பிரம்பு என்று பில் போட்டு பிளாஸ்டிக் அடித்துத் தருகிறார்கள்: பழைய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பழைய ஸ்பீக்கர் பெட்டியின் முகப்புப் பிரம்புப் பின்னலைச் சரிசெய்யக் கொடுக்கப்போகிறவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில் மரச்சாமான் பாலிஷும் நாற்காலிப் பின்னலும் எடுத்துச் செய்யும் ஒரு கடையில், 1960களின் தரை ஸ்பீக்கர் ஜோடி ஒன்றைக் கொடுத்தோம். பில்லில் "ஒரிஜினல் பிரம்பு" என்று எழுதித்தான் முன்பணம் வாங்கினார்கள். திரும்பி வந்தது முழுக்க பிளாஸ்டிக்.

கொடுத்தபோது இருந்த நிலை இது. ஒரு கிரிலில் (முகப்புச் சட்டத்தில்) உச்ச ஒலி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு நேர் எதிரே இரண்டு இழைகள் அறுந்திருந்தன. இன்னொன்றில் ஒன்றும் அறுந்திருக்கவில்லை, நடுவில் தொய்வு மட்டும். "எல்லாம் இத்துப்போச்சு சார், மொத்தமா மாத்தணும்" என்றார்கள். அறுபது வருடம் காற்றிலும் வெளிச்சத்திலும் தேன் நிறத்துக்கு ஏறிய பின்னல் அது. அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள். கேட்டபோது ஒரு துண்டுகூடத் திரும்பக் கிடைக்கவில்லை.

பிளாஸ்டிக்கை இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. எண்கோணக் கண், வெளிர் மஞ்சள் நிறம் எல்லாம் அப்படியே இருக்கும். கிட்டே வைத்துப் பாருங்கள். நிஜப் பிரம்பு இழை பிரம்புக்கொடியின் மேல்தோல். அதன் ஒரு பக்கம் வழவழப்பாக மினுங்கும், மறுபக்கம் சொரசொரப்பாக மங்கி இருக்கும். அங்கங்கே ஒழுங்கில்லாத இடைவெளியில் கணு விழுந்திருக்கும். கணு இருக்கும் இடத்தில் நிறம் சற்று மாறும். பிளாஸ்டிக்கில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும், கணுவே இருக்காது. சில ரகங்களில் கணு மாதிரி கோடு அச்சடித்திருப்பார்கள், ஆனால் அது ஒரே அளவு இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு நுனியை வெட்டி நெருப்பில் காட்டுங்கள். பிரம்பு கரிந்து சாம்பலாகும், விறகு வாசனை வரும். பிளாஸ்டிக் உருகி உருண்டையாகத் திரளும். காகிதத்தை முறுக்கி நெய்த மூன்றாவது ரகம் ஒன்றும் இருக்கிறது. அதுவும் எரியும் என்பதால் அதைத் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும்: கொஞ்ச நேரத்தில் உப்பி, முறுக்கு பிரிந்துவிடும்.

பிளாஸ்டிக் போட்டது ஏமாற்று. அதைப் பொருத்திய விதம் அதைவிட மோசம். இந்தச் சட்டங்களில் சுற்றிலும் 5 மி.மீ. அகலத்துக்குக் காடி, அதாவது நீளப் பள்ளம், ஓடும். பின்னலின் ஓரத்தை அதில் மடக்கி இறக்கி, மேலே மெல்லிய பிரம்புக் கம்பை அடித்து இறுக்குவதுதான் முறை. பழைய கம்பை எடுக்கப் பொறுமையில்லாமல் அகல உளியால் நெம்பியிருக்கிறார்கள்; பிளைவுட்டின் மேல் அடுக்கு ஒரு பக்கம் முழுக்கப் பெயர்ந்து வந்துவிட்டது. அதை மறைக்கக் காடியை மரப்புட்டி போட்டு அடைத்துவிட்டு, பிளாஸ்டிக்கை முன்பக்கமிருந்தே ஸ்டேப்பிள் அடித்து, மேலே பாலிஷ் போட்ட ரீப்பரை ஒட்டியிருந்தார்கள். பார்க்கப் புதுசாக, அழகாகத்தான் இருந்தது.

போட்டுக் கேட்டதும் உண்மை தெரிந்தது. சிம்பலின் சிலிர்ப்பு, வயலினின் மேல் ஓரம், பாடகர் மூச்சு இழுக்கும் சத்தம் எல்லாம் போர்வைக்குள் போய்விட்டன. அதற்குக் காரணம் பிரம்போ பிளாஸ்டிக்கோ அல்ல. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 செ.மீ. இரண்டு மூன்று மி.மீ. அகல இழைகள் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. பின்னலுக்குப் பின்னால் இருந்த மெல்லிய கறுப்புத் துணியை எடுத்துவிட்டு, அடியில் ரப்பர் பூச்சு கொண்ட சோபாத் துணியை ஒட்டியிருந்தார்கள். உள்ளே இருக்கும் கோன் (அதிரும் கூம்பு) கண்ணில் படாமல் இருக்கத்தான் அந்தத் துணி, ஆனால் காற்று தாராளமாகப் போக வேண்டும். வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் வைத்த கையில் காற்று தடையில்லாமல் பட வேண்டும். பசையையும் துணி முழுக்க ஸ்ப்ரே செய்யக்கூடாது, சட்டத்தின் ஓரத்தில் மட்டும் தடவ வேண்டும்.

அடுத்தது அதிர்வு. நனைத்துப் பொருத்திய பிரம்பு காயும்போது தானாகச் சுருங்கி முரசுத்தோல்போல விறைக்கும். பிளாஸ்டிக் சுருங்காது. கையால் இழுத்து எவ்வளவு இறுக்கினார்களோ அவ்வளவுதான், சில வாரங்களில் அதுவும் தளரும். பேஸ் வரும்போதெல்லாம் தளர்ந்த இழை சட்டத்தில் மோதி "ஸ்ர்ர்" என்கிறது. போனில் டோன் ஜெனரேட்டர் செயலியை வைத்து 20 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றி, சத்தம் வரும் இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தால் எங்கே என்று பிடித்துவிடலாம். வேலையை வாங்கிக்கொள்ளும் முன்பே கடையில் வைத்து இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

சட்டத்தைப் பெட்டியிலிருந்து கழற்றாமலே அடித்திருக்கிறார்கள் என்பதற்கும் சாட்சி கிடைத்தது: பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கரான ஊஃபரின் நடுத் தொப்பியில் ஒரு ஸ்டேப்பிள் பின் நட்டுக்கொண்டு ஒட்டியிருந்தது. காகிதத் தொப்பிக்குப் பின்னால் காந்தம் இருக்கிறது, இரும்பு எது விழுந்தாலும் அங்கே போய்த்தான் ஒட்டும். இப்படி ஒட்டியதை ஸ்க்ரூடிரைவரால் எடுக்கப் போகாதீர்கள், காந்தம் அதையும் இழுத்துத் தொப்பியில் குத்திவிடும். மாஸ்கிங் டேப்பின் பசைப் பக்கத்தால் ஒற்றி எடுங்கள்.

கேட்டதற்கு வந்த பதில்: "பிரம்பு இப்ப எங்க சார் கிடைக்குது? இதுதான் நின்னு உழைக்கும்." இது பொய். இயந்திரத்தில் நெய்த நிஜப் பிரம்புப் பின்னல் 18 அங்குலம், 24 அங்குலம் அகல ரோல்களாகத் தாராளமாகக் கிடைக்கிறது. கட்டில், அலமாரிக் கதவு என்று எல்லாவற்றிலும் இப்போது அதைத்தான் போடுகிறார்கள்.

முறையாகச் செய்பவர் முதலில் மாற்றலாமா என்று யோசிக்க மாட்டார், காப்பாற்ற முடியுமா என்று பார்ப்பார். தொய்வு மட்டும் இருந்தால், சட்டத்தைக் கழற்றி, மங்கிய பின்பக்கத்தில் ஸ்பாஞ்சால் வெந்நீர் ஒற்றி, நிழலில் படுக்க வைத்துக் காயவிட்டாலே பாதிக்கு மேல் இறுகிவிடும். ஒன்றிரண்டு இழை அறுந்திருந்தால் அதே அகலத்தில் புது இழையை நனைத்து, இரண்டு பக்கமும் நாலைந்து கண் தள்ளிவரை பழைய இழையோடு சேர்த்துக் கோத்து, பின்னால் ஒரு சொட்டுப் பசை வைத்தால் போதும். எங்கள் இரண்டு கிரிலுக்கும் இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும். பின்னல் தொட்டாலே பொடிந்தாலோ, வண்டு துளைத்து மாவு கொட்டினாலோதான் மொத்தமாக மாற்ற வேண்டும்.

மாற்றுவதாக இருந்தால் வேலை இப்படிப் போக வேண்டும். பழைய கம்பின் இருபுறமும் கத்தியால் கீறி, காடியில் வெந்நீர் விட்டுப் பசை இளகும்வரை காத்திருந்து, காடியைவிடக் குறுகிய உளியால் எடுக்க வேண்டும். புதுப் பின்னலைக் காடிக்கு வெளியே எல்லாப் பக்கமும் 2.5 செ.மீ. விட்டு வெட்டி, வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். மணிக்கணக்கில் ஊறினால் நிறம் கறுக்கும். மேல் பக்கத்தின் நடுவில் மர ஆப்பு வைத்துக் கொட்டாப்புளியால் தட்டி இறக்கி, அடுத்து நேர் எதிரே கீழே, பிறகு இடது வலது, கடைசியாக மூலைகள். ஒரு மூலையில் தொடங்கிச் சுற்றி வந்தால் கண்கள் சாய்ந்து, அந்தக் கோணல் எந்நாளும் கண்ணை உறுத்தும். இந்தக் கட்டத்தில் வலிந்து இழுக்கவும் கூடாது, காய்ந்து சுருங்க இடம் வேண்டும். மிச்சத்தைக் காடிக்குள்ளேயே அறுத்துவிட்டு, பசை விட்டு, நனைத்த கம்பை அடிக்க வேண்டும். 5 மி.மீ. காடிக்கு 4 அல்லது 4.5 மி.மீ. கம்பு, பிரம்பின் கனத்துக்கு இடம் விட்டாக வேண்டும். பசை வச்சிரமாக (விலங்குத் தோலில் காய்ச்சும் பசை) இருந்தால் நல்லது, இன்னொரு தலைமுறை வெந்நீர் விட்டே கழற்றிவிடலாம். ஃபெவிகால் பிடித்துக்கொள்ளும், ஆனால் கழற்றுவது பாடு.

நாற்காலி பின்னுகிறவர்கள் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. நாற்காலிச் சட்டம் கனமான மரம். ஸ்பீக்கர் சட்டம் 9 அல்லது 12 மி.மீ. பிளைவுட்தான். காயும் பிரம்பின் இழுவையில் அது வில்லாக வளைந்துவிடும். பிறகு பெட்டியில் ஒட்டி உட்காராது, இடைவெளி விழுந்து அங்கேயும் அதிரும். பாலிதீன் விரித்த சமப்பலகையில் கிளாம்ப் போட்டு, ஒன்றரை நாளாவது அசையாமல் வைத்துத்தான் காயவிட வேண்டும். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காயவைத்தால் இழை வெடிக்கும்.

நிறம் ஏற்றுவதிலும் ஏமாறாதீர்கள். பிரம்பின் வழவழப்பான பக்கம் மரச்சாயத்தைக் குடிக்காது, திட்டுத்திட்டாக நிற்கும். அவலரக்கை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் தண்ணீராகக் கரைத்து இரண்டு மூன்று தடவை மெல்லிசாகத் துடைத்தால் பழைய நிறத்துக்கு நெருங்கி வரும். பி.யூ. (பாலியூரித்தேன்) ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். பின்னால் நனைத்து இறுக்கும் வழியையும் அது அடைத்துவிடும்.

இந்த வேலை தெரிந்தவர்கள் இல்லாமல் போகவில்லை. கொள்ளிடம் பக்கம் தைக்காலில் பிரம்புத் தொழில் இன்றும் நடக்கிறது. நாற்காலி பின்னுவதை முறையாகக் கற்ற பார்வையற்ற கலைஞர்களும் இருக்கிறார்கள், அவர்கள் விரலுக்கு ஒரு கண் பிசகினாலும் தெரியும். யாரிடம் கொடுத்தாலும் பெட்டியைக் கொடுக்காதீர்கள். சட்டத்தை மட்டும் நீங்களே கழற்றி, முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொண்டு, நிறுவனப் பெயர்த் தகட்டை எடுத்து வைத்துவிட்டுக் கொடுங்கள். போடப்போகும் பின்னலில் ஒரு சாண் துண்டை முன்கூட்டியே வாங்கி எரித்துப் பாருங்கள். கழற்றிய பழைய பின்னல் திரும்ப வேண்டும் என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் கழற்றிய பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போடாதீர்கள். பில்லோடு அதுதான் ஆதாரம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடர இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது.