ஸ்கிளெரோடெர்மா கைகளுக்கு நூறுமுறை கழுவிய நெய்: நாட்பட்ட பயன்பாட்டில் தெரிந்தது

"ஸ்கிளெரோடெர்மாவுக்கு ஆயுர்வேதத்தில் ஏதாவது எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பவர்களுக்கு, தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுக்கும் இந்த நோயை விளக்க வேண்டியதில்லை. குளிர்பட்டால் வெளுத்து நீலம் பாரிக்கும் விரல், இறுகிப்போன தோல், நுனியில் ஆறாத புண், ஓயாத நெஞ்செரிச்சல் எல்லாம் அவர்கள் அன்றாடம் காண்பவை. அதனால் நேரே பொருளுக்கு வருகிறேன். மேலே பூசுவதற்கு ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் சததௌத கிருதத்தைச் சொல்வேன். நூறுமுறை தண்ணீரில் கழுவிய பசுநெய் அது.

இவ்வளவு எளிய பொருள் இவ்வளவு வேலை செய்யும் என்று முதலில் யாருக்கும் தோன்றாது. இறுகிய தோலில் எண்ணெய்ச் சுரப்பியும் வியர்வைச் சுரப்பியும் நலிந்துவிடுவதால் தோல் தன் ஈரத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாது. சாதாரண லோஷனில் தண்ணீரே அதிகம். பூசி அரை மணியில் தோல் மறுபடி வறண்டுவிடும். கழுவிய நெய்யில் கொழுப்பு அதிகம், ஆனாலும் பிசுக்கு குறைவு. வாசனைப் பொருள் எதுவும் சேராததால் எரிச்சலும் அரிது. இரவில் பூசி மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு படுத்தால், இரண்டு மூன்று வாரத்தில் விரல் முட்டிகளின் மேலுள்ள வெடிப்பு குறைவது கண்ணுக்குத் தெரியும். நோயின் தொடக்கத்தில் தூங்கவிடாமல் படுத்தும் அரிப்பும் தணியும்.

செய்முறையில்தான் பலர் தவறுகிறார்கள். 100 கிராம் நெய்யை அகலமான செம்புப் பாத்திரத்தில் போட்டு, ஏறக்குறைய அதே அளவு தண்ணீர் ஊற்றி, ஒரே திசையில் தேய்த்துக் கலக்கி, தண்ணீரை வடித்துவிட வேண்டும். இப்படி நூறு முறை. தண்ணீர் சில்லென்று இருந்தால் நெய் கட்டிகட்டியாக உறைந்து நீரை ஏற்காது. சூடாக இருந்தால் உருகி மிதக்கும். 25 டிகிரி செல்சியஸை ஒட்டிய தண்ணீர் சரி. மஞ்சள் நிறமும் நெய் வாடையும் மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் அடித்த வெண்ணெய் போல வெளுத்து உப்பி வரும். உள்ளே தங்கிய நீரைத் தட்டையான கரண்டியால் அழுத்தி வெளியேற்றாவிட்டால் சில நாளிலேயே பூஞ்சை பிடிக்கும். செய்து முடித்ததும் கண்ணாடிச் சீசாவுக்கு மாற்றிவிடுங்கள். செம்பிலேயே இரவு முழுக்கக் கிடந்தால் பச்சை படரும். ஈர விரலை உள்ளே விடக் கூடாது, உலர்ந்த கரண்டியால்தான் எடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மட்டும் செய்துகொள்வது நல்லது.

நோயாளி தன் கையால் இதைச் செய்யவே கூடாது. நூறு முறை தண்ணீரில் கை நனைந்தால் ரேனாட் தாக்குதல், அதாவது குளிரில் விரல் ரத்தக்குழாய்கள் சுருங்கி வெளுப்பது, வராமல் இருக்காது. வீட்டில் வேறொருவர் செய்யட்டும், அல்லது கேக் மாவு அடிக்கும் பீட்டரைப் பயன்படுத்துங்கள். செம்பு இல்லையென்றால் எவர்சில்வர் கிண்ணத்திலும் பதம் வரும்.

இந்த நெய்யின் சிறப்பிலேயே அதன் குறையும் இருக்கிறது. எரிச்சலுக்கும் காந்தலுக்கும் என்று சொல்லப்பட்ட மருந்து இது. உள்ளே சிக்கிய நீர் ஆவியாகும்போது தோல் குளிரும். முன்கைக்கும் முகத்துக்கும் அந்தக் குளிர்ச்சி சுகம். ரேனாட் உள்ள விரல்நுனிக்கு அதுவே பகை. கை நன்றாகச் சூடேறியிருக்கும் நேரத்தில் மட்டும் பூசி, உடனே கையுறை போட வேண்டும். குளிர்காலத்தில் விரல்களுக்கு இது வேண்டாம். அங்கே பிண்ட தைலம்தான் பொருந்தும்.

வாதரக்தம் என்னும் மூட்டு நோய்க்குச் சொல்லப்பட்ட பிண்ட தைலத்தில் மஞ்சிட்டி, நன்னாரி, குங்கிலியம், தேன்மெழுகு ஆகியவை சேரும்; அடிப்படை பெரும்பாலும் நல்லெண்ணெய். மெழுகு இருப்பதால் குளிரில் கெட்டிப்படும். அடுப்பில் நேரடியாக வைக்காமல், சீசாவை வெந்நீர்க் கிண்ணத்தில் பத்து நிமிடம் நிறுத்தினால் போதும். 38 முதல் 40 டிகிரி வரை சூடு இருக்கலாம். விரல்நுனியில் உணர்வு மந்தமாக இருப்பவர்கள் சூட்டைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தெர்மாமீட்டர் பாருங்கள், அல்லது இன்னொருவர் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்துச் சொல்லட்டும். சிவப்புக் கறை துணியில் ஏறினால் போகாது. எண்ணெய் ஊறிய துண்டுகளைச் சுருட்டிக் குவித்து வைக்காதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியவை அவை.

பத்து நிமிடம் மென்மையாகத் தடவினால் போதும். அழுத்திப் பிசைந்தால் ஒட்டிக்கிடக்கும் தோல் கிழியும். திறந்த புண், கால்சியக் கட்டி, சீழ் வைத்த இடம் எதையும் தொடக் கூடாது. உண்மையான பலன் தடவி முடித்த பிறகு வருவது. சூட்டிலும் வழுவழுப்பிலும் விரல் இளகியிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் நீட்டல் பயிற்சி செய்ய வேண்டும். விரல் அடிமூட்டுகளை மடக்குங்கள், நடுமூட்டுகளை நீட்டுங்கள், கட்டைவிரலைச் சுட்டுவிரலிலிருந்து அகற்றுங்கள். முதலில் பறிபோகும் அசைவுகள் இவை மூன்றும்தான். மறுகையால் பிடித்து ஒவ்வொன்றையும் பத்து விநாடி நிறுத்தி, பத்து முறை. தைலத்தைத் தவறாமல் பூசி, பயிற்சியை விட்டுவிட்டவர்களின் கை வழுவழுப்பாக இருக்கும், முஷ்டி மடங்காது.

"தைலம் பூசியதில் தோல் இளகிவிட்டது" என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோய் உடல் முழுக்கப் பரவும் வகையாக இருந்தால், சில ஆண்டுகளுக்குப் பிறகு தோல் தானாகவும் இளகத் தொடங்கும். அந்தப் பெருமை அப்போது கையில் இருக்கும் சீசாவுக்குப் போய்விடுகிறது. 17 இடங்களில் தோலைக் கிள்ளிப் பார்த்து 51 வரை மதிப்பெண் போடும் ராட்னன் அளவீட்டை மருத்துவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறித்துவந்தால், இளகலும் வழவழப்பும் வேறு வேறு என்பது விளங்கும். தோலடி நார்த்திசுவைக் கரைக்கும் தைலம் எதுவும் இல்லை.

பூசும் மருந்தோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரை பாராட்டாகவே முடிந்திருக்கும். தைலத்தோடு கூடவே ஒரு கஷாயமும் சூரணமும் வந்துவிடுகின்றன. எனக்குக் கோபம் வருவது அங்கேதான், அதிலும் அதிமதுரத்தின் மேல்.

நெஞ்செரிச்சலுக்கு அதிமதுரச் சூரணம் கொடுப்பது பழைய வழக்கம், ஸ்கிளெரோடெர்மாவில் நெஞ்செரிச்சல் இல்லாதவர் குறைவு. ஆனால் அதிலுள்ள கிளைசிரைசின், கார்ட்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் நொதியைச் சிறுநீரகத்தில் தடுக்கிறது. விளைவாக உடலில் உப்பு தங்கும், பொட்டாசியம் வெளியேறும், ரத்த அழுத்தம் ஏறும். இந்த நோயில் திடீரென ஏறும் ரத்த அழுத்தம்தான் சிறுநீரக நெருக்கடியின் முதல் மணி. வேரில் கிளைசிரைசின் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் 3 கிராம் சூரணத்தில் 150 மில்லிகிராம் ஆகிறது. ஐரோப்பாவில் ஆரோக்கியமானவர்களுக்கே நாளொன்றுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கு அந்த மருந்தின் வீரியத்தையும் இது நீட்டும். வயிற்றின் அசைவைத் தூண்ட டொம்பெரிடோன் எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்.

சரி, லேபிளைப் பார்த்துத் தவிர்க்கலாம் என்றால் அதுவும் எளிதில்லை. ஒரே வேர் யஷ்டி, யஷ்டிமது, மதுயஷ்டி, முலேட்டி, இரட்டிமதுரம், கிளைசிரைசா கிளாப்ரா என்றெல்லாம் அச்சாகியிருக்கும். மதுகம் என்றால் அதிமதுரம். மதூகம் என்றால் இலுப்பை. ஒரு நெடில்தான் வித்தியாசம், ரோமன் எழுத்தில் அச்சிடும்போது அதுவும் மறைந்துவிடும். சிறுநீரகத்தைக் காக்க வேண்டிய நோயாளி சமஸ்கிருத அகராதியோடு மருந்துக் கடைக்குப் போக வேண்டுமா? மேலே பூசும் எண்ணெயில் இது இருந்தால் கவலை இல்லை. வாய்வழி எதிலும் வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குக்குலு என்ற பிசின், டில்டியாசெம், புரொப்ரனோலால் என்ற இரண்டு ரத்த அழுத்த மருந்துகளும் ரத்தத்தில் சேரும் அளவைக் குறைக்கும். கைசோர குக்குலுவில் சீந்திலும் உண்டு. 2021ல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் சாப்பிட்டவர்களில் தன்னெதிர்ப்பு சார்ந்த கல்லீரல் அழற்சியைப் பதிவு செய்தார்கள். ரத்தக்குழாயை விரிக்கும் போசென்டான் எடுப்பவர்களுக்கு மாதாமாதம் கல்லீரல் பரிசோதனை நடப்பதே மருந்தால் அது பாதிக்கப்படலாம் என்பதால்தான். அதன்மேல் இன்னொரு சுமை ஏற்றக் கூடாது. பஞ்சகர்மாவில் வமனம் (வாந்தி எடுக்க வைப்பது) உணவுக்குழாய் செயலிழந்தவருக்கு ஆபத்து; வாந்தி நுரையீரலுக்குள் போகலாம். கடுமையான விரேசனம் (பேதி) நீரிழப்பை உண்டாக்கிச் சிறுநீரகத்தை வதைக்கும். விரலில் அட்டை விடுவதும் வேண்டாம், அந்தக் காயம் ஆறாது. உலோகங்களையும் தாதுக்களையும் எரித்துச் செய்யும் பஸ்மம் எதுவும் வேண்டாம்.

ஆக, நெய்யை இவ்வளவு புகழ்ந்த பிறகும், "ஆயுர்வேதம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று ஒரே வரியில் கேட்டால் என் பதில் வேண்டாம் என்பதே. நெய்யைக் கேட்டு உள்ளே போனவர் கஷாயத்தோடு வெளியே வருகிறார்.

ஏற்கெனவே பெயர் தெரியாத சூரணம் சாப்பிட்டு வருபவர்கள், அதை நிறுத்திவிட்டுப் ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகச் செயலைக் காட்டும் கிரியாட்டினினும் பார்த்துக்கொள்ளுங்கள். நோயெதிர்ப்பை அடக்கும் மைக்கோஃபெனலேட்டையோ வேறு ருமட்டாலஜி மருந்தையோ நிறுத்தாதீர்கள். அதிமதுரத்தின் விளைவு நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை நீடிக்கலாம் என்பதால், அந்த நாட்களில் தினமும் காலை ஒரே நேரத்தில் ரத்த அழுத்தத்தைக் குறித்து வாருங்கள். வழக்கத்தைவிட மேல் அளவு 30 அல்லது கீழ் அளவு 20 கூடியிருந்தால், தலைவலி இல்லாவிட்டாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.