கோயம்புத்தூரில் பதினோரு வருடம், மூன்று வாடகை வீடு

சத்தியமங்கலத்திலிருந்து கோயம்புத்தூருக்கு நாங்கள் குடிவந்தது 2014 ஆவணியில். சரவணம்பட்டியில் கிட்டத்தட்ட மூன்று வருடம், வடவள்ளியில் ஐந்து, இப்போது கோவைக்குள்ளேயே இருக்கிற இராமநாதபுரத்தில் மூன்றைத் தாண்டிவிட்டது. எல்லாம் வாடகை வீடுதான். புதிதாகக் கோவைக்கு வருகிற சொந்தக்காரப் பிள்ளைகள் "அக்கா, எந்த ஏரியாங்க்கா நல்ல ஏரியா?" என்று கேட்கும்போது, "நீ காலையில எங்க போற, உங்க வீட்டுக்காரர் எங்க போறார்?" என்று திருப்பிக் கேட்பேன். அதை யோசிக்காமல் வீடு பிடித்ததில்தான் எங்களுடைய முதல் மூன்று வருடம் போயிற்று.

நாங்கள் சரவணம்பட்டியைப் பிடித்த காரணம் இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அது சத்தியமங்கலம் போகிற சத்தி ரோட்டில் இருந்தது, அவ்வளவுதான். புளியம்பட்டி, அன்னூர் வழியாக வருகிற பஸ்ஸில் அம்மா ஏறினால் வீட்டுப் பக்கத்திலேயே இறங்கிக்கொள்ளலாம், காந்திபுரம் வரை போகவேண்டாம். இது எங்களுடைய கிறுக்கு மட்டும் இல்லை. எனக்குத் தெரிந்த பொள்ளாச்சிக்காரர்கள் பலர் சுந்தராபுரம் பக்கம்தான் இருக்கிறார்கள், மேட்டுப்பாளையத்துக்காரர்கள் துடியலூரில். ஊரைப் பார்த்த ரோட்டில் குடியிருந்தால் பாதி ஊருக்குப் போய்விட்ட மாதிரி ஒரு தெம்பு. ஒரம்பரை என்று வருகிற சொந்தபந்தத்துக்கும் வசதி. எனக்கும் வேலை அங்கேயே ஒரு ஐ.டி. கம்பெனியின் கணக்குப் பிரிவில் கிடைத்திருந்தது. என் வீட்டுக்காரருக்குத்தான் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. "ஒரே ஊருக்குள்ளதானே, போயிட்டு வந்தறலாம்" என்றார்.

ஒரே ஊர்தான். ஆனால் 2011இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும், சரவணம்பட்டி, வடவள்ளி, துடியலூர், காளப்பட்டி போன்ற பேரூராட்சிகளும் மாநகராட்சியோடு சேர்ந்தபின், 105 சதுர கிலோமீட்டராக இருந்த ஊர் 257 ஆகிவிட்டது. பெயர்ப்பலகை மாறிவிட்டது, ரோடு மாறவில்லை. கோவையின் ரோடுகளைக் குடைக்கம்பிகளாக நினைத்துக்கொள்ளுங்கள். அவினாசி ரோடு, திருச்சி ரோடு, சத்தி ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு, தடாகம் ரோடு, மருதமலை ரோடு, பேரூர் ரோடு, பாலக்காடு ரோடு, பொள்ளாச்சி ரோடு. ஒரே கம்பியில் போய்வந்தால் தொல்லை குறைவு. வடக்கே ஒரு கம்பியிலிருந்து தெற்கே இன்னொரு கம்பிக்குப் போக வேண்டுமென்றால் குடையின் நடுவுக்கு வந்துதான் ஆகவேண்டும். அவர் தினமும் கணபதி, காந்திபுரம், உக்கடம், ஆத்துப்பாலம் என்று ஊரையே குறுக்கே அறுத்துக்கொண்டு போனார். காந்திபுரத்தில் அப்போதுதான் மேம்பால வேலை. உக்கடத்தில் பாலமே கிடையாது, அது 2024 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். காலையில் ஏழேகாலுக்குக் கிளம்பியவர் இரவு எட்டரைக்கு வந்து, வண்டியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். மகன் அப்பாவை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வெளிச்சத்தில் பார்த்தான்.

சரவணம்பட்டியைக் குறை சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் அந்தப் பக்கமே வேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். ராத்திரி பதினோரு மணிக்கும் தோசை கிடைக்கும், காளான் வண்டி தெருவுக்குத் தெரு நிற்கும், தனியாக வேலைக்கு வரும் பெண்களுக்கு ஹாஸ்டல் நிறைய. நான் நடந்தே ஆபீஸ் போனேன். எங்களுக்குக் கசந்தது தண்ணீர்தான்.

கோவைக்கு வருகிறவர்கள் முதலில் இரண்டு வார்த்தை கற்றுக்கொள்ள வேண்டும்: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. நல்ல தண்ணி குழாயில் வருவது, உப்புத் தண்ணி போர்வெல்லில் வருவது. புரோக்கர் "தண்ணிப் பிரச்சனையே கிடையாதுங்க" என்று சொன்னால் போர்வெல் இருக்கிறது என்றுதான் அர்த்தம். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் ஆறே மாதத்தில் பக்கெட்டெல்லாம் வெள்ளை பூத்தது, ஷவரில் ஓட்டை அடைத்தது, பருப்பு வேக மறுத்தது. அரிசிம்பருப்புச் சோறு செய்தால்கூட ஊர் ருசி வரவில்லை. நல்ல தண்ணி எட்டு நாளைக்கு ஒருமுறை, சில சமயம் பன்னிரண்டு. அதுவும் பவானி ஆற்றுத் தண்ணீர். சத்தியில் படித்துறையில் காலை நனைத்து விளையாடிய அதே ஆற்றுக்கு, இங்கே காலண்டரில் வட்டம் போட்டுக் காத்திருந்தேன். அம்மாவிடம் சொன்னபோது அம்மாவுக்குப் பாவமாகிவிட்டது. அடுத்த முறை வரும்போது ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் கொண்டுவந்தார்.

அதனால் இரண்டாவது வீட்டைத் தண்ணீரை வைத்தே பார்த்தோம். கோவையில் தண்ணீர் என்றால் சிறுவாணி. அந்தத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவரப் பாடுபட்ட இரத்தினசபாபதி முதலியார் பெயரில்தான் ஆர்.எஸ்.புரமே இருக்கிறது. ஆர்.எஸ்.புரம் வாடகை நமக்கு ஆகாது. இன்னும் மேற்கே தள்ளி, வடவள்ளி.

வடவள்ளியில் வீடு பார்க்கப் போன அன்று, வீட்டுக்காரம்மா உள்ளே டைல்ஸைக் காட்டிக்கொண்டிருக்க, பக்கத்து வாசலில் குடம் கழுவிக்கொண்டிருந்த ஒரு பாட்டி என்னைக் கூப்பிட்டார். "ஏங் கண்ணு, ஊடு பாக்க வந்தியா? டைல்ஸ்ஸ அப்பறம் பாரு. கீழ்த்தொட்டி எத்தனை லிட்டருன்னு கேளு. வாடகைக்கு இருக்கறவங்களுக்குத் தனித் தொட்டியா, பொதுவான்னு கேளு." இன்றுவரை நான் வீடு பார்க்கும் முறை அந்தப் பாட்டி சொன்னதுதான். கீழ்த்தொட்டி பொதுவாக இருந்தால், மேல்மாடியில் இருக்கிற வீட்டுச் சொந்தக்காரர் கார் கழுவுகிற நாளில் உங்களுக்குக் குளிக்கத் தண்ணீர் இருக்காது. இந்த வீட்டில் தனித் தொட்டி. உடனே முன்பணம் கொடுத்தோம்.

நாங்கள் போன வருடமே சோதனை. 2017 கோடையில் சிறுவாணி அணை அடிமட்டத்துக்குப் போய்விட்டது, லாரித் தண்ணீர் வாங்கினோம். மழை பெய்து அணை தேறியபின் வந்த தண்ணீரை மறக்க முடியாது. காய்ச்சாமல் அப்படியே குடித்தோம், டாக்டர்கள் மன்னிக்கவும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று வீசினால் மின்விசிறி வேண்டாம். ஜன்னலைத் திறந்தால் மருதமலை. உழவர் சந்தையில் தொண்டாமுத்தூர்ப் பக்கத்துக் கீரை. யானை? எங்கள் தெருவுக்கு வரவில்லை. பாரதியார் பல்கலைக்கழகம் பக்கமும் மலையடிவாரத் தோட்டங்களுக்கும் வருவது அங்கே செய்தியே இல்லை. மலையை ஒட்டிய புது லேஅவுட்டில் வீடு பார்க்கிறவர்கள் ராத்திரி வேலை முடிந்து தனியாக வண்டியில் வருகிறவர்களாக இருந்தால் இதையும் யோசியுங்கள்.

ஆனால் இப்போது அறுத்துக்கொண்டு போவது என் முறை. வடவள்ளியிலிருந்து லாலி ரோடு, சாய்பாபா காலனி, காந்திபுரம், கணபதி, சரவணம்பட்டி. அவருக்கும் குறிச்சி ஒன்றும் பக்கமாகிவிடவில்லை. இதில் யாருமே சொல்லாத ஒரு விஷயம் உண்டு. ஊருக்கு மேற்கே குடியிருந்து கிழக்கே வேலைக்குப் போனால், காலையிலும் வெயில் முகத்தில், சாயங்காலமும் வெயில் முகத்தில். ஸ்கூட்டியில் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மாசி, பங்குனியில் லாலி ரோடு சிக்னலில் எதிரே நிற்கும் பஸ் தெரியாது, கண்ணில் அடிக்கிற சூரியன்தான் தெரியும். இரண்டு வருடத்தில் எனக்கு ஒற்றைத் தலைவலி நிரந்தரமாகிவிட்டது. கிழக்கே ஒண்டிப்புதூரில் இருந்து மேற்கே வேலைக்குப் போகும் என் தோழிக்கு இரண்டு வேளையும் முதுகில் வெயில். அவளுக்கு இது புரியவே இல்லை.

2020இல் ஊரடங்கு வந்து வீட்டிலிருந்தே வேலை என்றார்கள். அந்த இரண்டு வருடம்தான் வடவள்ளியில் நாங்கள் உண்மையாகக் குடியிருந்தோம் என்று சொல்வேன். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள் வேறெங்கும் தேட வேண்டாம். 2022இல் ஆபீஸுக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். தலைவலியும் திரும்பியது.

மூன்றாவது முறை, வீடே பார்க்காமல் முதலில் வழியைப் பார்த்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து, அவர் குறிச்சியிலிருந்தும் நான் சரவணம்பட்டியிலிருந்தும் காந்திபுரத்தையும் உக்கடத்தையும் தொடாமல் எங்கே சந்திக்க முடியும் என்று கோடு போட்டோம். வந்து நின்ற இடம் இராமநாதபுரம். அவர் நஞ்சுண்டாபுரம் ரோடு வழியாகப் போத்தனூர் போய்க் குறிச்சி. நான் புலியகுளம் முந்தி விநாயகருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அவினாசி ரோட்டைக் கடந்து, ஆவாரம்பாளையம் வழியாகக் கணபதி. இரண்டு பேருமே வீட்டிலிருந்து கிளம்பி முக்கால் மணி நேரத்துக்குள் வேலைக்குப் போய்விடுகிறோம். 2025 அக்டோபரில் அவினாசி ரோட்டில் பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஜி.டி.நாயுடு மேம்பாலம் திறந்தார்கள். விமான நிலையம் போகிறவர்களுக்குப் பெரிய உபகாரம். குறுக்கே கடக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அதனால் பெரிய மாற்றமில்லை. பாலம் வருகிறது, ரோடு வருகிறது என்பதை நம்பி வீடு பிடிக்காதீர்கள். வந்தபின் உங்கள் பாதைக்கு அது உதவுகிறதா என்று பாருங்கள்.

வீடு என்று பார்த்தால் மூன்றில் இதுதான் மட்டம். மில் காலத்துப் பகுதி, பழைய வீடு. படுக்கையறையில் கட்டில் போட்டால் பீரோ கதவு முழுசாகத் திறக்காது. கார் நிறுத்த இடமில்லை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுத் துவைக்கிற கல். ஆனால் பாதாளச் சாக்கடை இருக்கிறது. சரவணம்பட்டியில் செப்டிக் டேங்க் லாரிக்கு வருடத்துக்கு இரண்டு முறை காசு கொடுத்தவளுக்குத்தான் இதன் அருமை தெரியும். டாக்டர், மருந்துக்கடை, பால், டெய்லர் எல்லாம் நடக்கிற தூரம். சாயங்காலம் ஆறரைக்கு நாலு பேரும் வீட்டில் இருக்கிறோம். மாமனார் போனபின் அத்தையும் எங்களோடு வந்துவிட்டார். அவருக்கு மலை தெரியவில்லை என்ற குறை மட்டும் இன்னும் இருக்கிறது.

வாடகைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சரவணம்பட்டியில் 9,000 ரூபாய், பத்து மாத முன்பணம், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. காலி செய்தபோது பெயின்ட் அடிக்க என்று அந்த வீட்டின் சொந்தக்காரர் பன்னிரண்டாயிரம் பிடித்துக்கொண்டார். வடவள்ளியில் 8,500. இங்கே 13,000. தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த புது வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது என்கிறது. அதைச் சொன்னதும் "சட்டம் பேசறவங்களுக்கு ஊடு இல்லீங்" என்று இரண்டு இடத்தில் கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது இடத்தில் சட்டம் பேசாமல் நயமாகக் கேட்டு ஐந்து மாதத்துக்கு இறக்கினோம். ஆடியில் கேட்டால் இறங்குவார்கள். ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள், வீடு சும்மா பூட்டிக் கிடக்கும். பேசி முடித்து, ஆவணியில் பால் காய்ச்சிக்கொள்ளலாம்.

நான் குடியிருக்காத இடங்களைப் பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதியில்லை. போத்தனூர், வெள்ளலூர்ப் பக்கம் வீடு மலிவாக வந்தால் சாயங்காலமும் விடியற்காலையும் போய் நின்று பாருங்கள். வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கிலிருந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மூக்கு சொல்லிவிடும். துடியலூர்க்காரர்களுக்கு மேட்டுப்பாளையம் ரயில் இருக்கிறது, பொறாமையாக இருக்கும். லங்கா கார்னர் பாலம் மாதிரி ரயில்வே சுரங்கப்பாதையில் புகுந்துதான் தினமும் போக வேண்டும் என்றால், ஐப்பசியில் ஒரு பெருமழை நாளில் அந்த வழியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பஸ்ஸே முங்கி நின்றதை இந்த ஊர் பார்த்திருக்கிறது.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், இந்த வீட்டையும் காலி செய்ய வேண்டியிருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரரின் மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறாராம், தைக்குள் கேட்டிருக்கிறார்கள். மார்கழி பிறந்துவிட்டால் பால் காய்ச்ச முடியாது. அம்மா போனில், "சத்தி ரோட்டுப் பக்கமே பாரு கண்ணு" என்கிறார். அத்தை வடவள்ளி என்கிறார். மகனுக்கு நண்பர்கள் இருக்கிற தெருவை விட்டு நகரக்கூடாது. நஞ்சுண்டாபுரம் ரோட்டில் ஒரு வீடு காலியாக இருப்பதாகச் சொன்னார்கள். ஞாயிறு காலை வெளிச்சத்தில் வந்து பாருங்கள், வீடு பளிச்சென்று இருக்கும் என்றார் அதன் சொந்தக்காரர். திங்கட்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, வேலை முடிந்து ஆளுக்கொரு பக்கமிருந்து வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.