உட்கார்ந்துகொண்டே சண்டையா? ஜியு-ஜிட்சு வகுப்பில் சில ஆண்டுகள்

தோழியின் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். பகுதிநேர வேலை முடிந்து வீடு திரும்ப ராத்திரி பதினொன்று தாண்டிவிடுகிறதாம். "தற்காப்புக்கு ஏதாவது கத்துக்கட்டும். நீதான் ஜியு-ஜிட்சு போறியே, அதுலயே சேர்த்துடவா?" என்று தோழி கேட்டாள். (ஜியு-ஜிட்சு என்றால் தரையில் உருண்டு, கை கால்களை மடக்கி ஆளை அடக்கும் பிரேசிலியத் தற்காப்புக் கலை.) மாதக் கட்டணம் உயரப்போகிறது என்று எங்கள் பயிற்சிக்கூடத்திலிருந்து மின்னஞ்சல் வந்ததும் அதே வாரம்தான். அதனால் இதில் கொஞ்சம் காரம் கூடுதலாக இருக்கலாம்; கழித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

எரிச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். இவர்கள் உட்காருகிறார்கள். பயிற்சிச் சண்டை தொடங்க மணி அடித்ததும், எதிரில் நிற்கும் ஆள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு தானாகவே தரையில் உட்கார்ந்துவிடுவார். பிறகு அங்கிருந்தபடி கால்களால் என்னைச் சிக்கவைக்கப் பார்ப்பார். போட்டி விதிகள் அப்படி. எதிராளியைக் கீழே வீழ்த்தினால் 2 புள்ளி, கால்களைத் தாண்டிப் பக்கவாட்டில் அமுக்கினால் 3, மேலே ஏறி உட்கார்ந்தாலோ முதுகைப் பிடித்தாலோ 4. சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் புள்ளியும் இல்லை, தண்டனையும் இல்லை. அப்புறம் எவன் வியர்க்க வியர்க்க வீழ்த்தக் கற்றுக்கொள்வான்?

போட்டிக்கு அது சரி. ஆனால் நான் போட்டிக்காகச் சேரவில்லை. சிங்கப்பூரின் யீஷூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளம் சிமெண்டுத் தரை. பின்னாலிருந்து ஒருவன் தோளைப் பிடித்தால் நான் அந்தச் சிமெண்டில் போய் உட்காரவா? உட்கார்ந்தவள் எழுந்து ஓடுவதற்குள் அவனுடைய நண்பன் வந்துவிடுவான். இதைப் பயிற்றுவிப்பாளர்களிடம் பலமுறை கேட்டுவிட்டேன். பதில் எப்போதும் ஒன்றுதான்: "சண்டைகளில் தொண்ணூறு விழுக்காடு தரையில்தான் முடியும்." இந்தப் பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது லாஸ் ஏஞ்சலிஸ் போலீசாரின் பழைய ஆவணங்கள். போலீஸ்காரர் ஆளைத் தரையில் கிடத்தித்தான் விலங்கு மாட்டுவார், அது அவருடைய வேலை. எனக்கு யாரையும் கைதுசெய்ய வேண்டிய அவசியமில்லை. வீட்டுக்குப் போனால் போதும்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். மற்றவற்றையும் எட்டிப் பார்த்தவள் நான். கிராவ் மகா அறிமுக வகுப்புக்குப் போனேன். இமி லிக்டென்ஃபெல்ட் உருவாக்கிய முறை, முழுக்க முழுக்கத் தற்காப்புக்காகவே. கண்ணில் குத்து, தொண்டையில் அடி, இடுப்புக்குக் கீழே உதை. எல்லாம் கேட்க நன்றாக இருந்தது. ஆனால் ஜோடியாக நின்ற பெண்ணின் கண்ணில் நிஜமாகக் குத்த முடியுமா? காற்றில் குத்திவிட்டு இருவரும் சிரித்துக்கொண்டோம். அவள் மரியாதையாகக் கையை விட்டாள், நானும் மரியாதையாகத் தப்பித்தேன். எல்லா வகுப்பும் இப்படித்தான் என்று சொல்லவில்லை, நான் பார்த்தது அது. என் கணவர் தேசிய சேவையில் டேக்வாண்டோ பட்டை வாங்கியவர். இன்று அவரைக் காலைத் தூக்கச் சொன்னால் முதலில் தைலத்தைத் தேடுவார்.

சிலம்பம் ஏன் கூடாது என்று அம்மா கேட்டார். கூடாது என்று யார் சொன்னது? அந்தக் காலடி வேகம் எனக்கு வந்தால் நான் ஏன் இங்கே புலம்பப்போகிறேன்? ஆனால் கம்போடு தினமும் எம்ஆர்டி ரயிலில் ஏற முடியாதே. மலாய்க்காரர்களின் தற்காப்புக் கலையான சிலாட்டும் நம் ஊரிலேயே இருக்கிறது, ஷேக் ஃபர்ஹான் போன்ற உலக வெற்றியாளர்களைத் தந்த கலை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நேரம் ஒத்துவரும் பெரியவர்கள் வகுப்பு கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜியு-ஜிட்சுவில் எனக்குக் கிடைத்த, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே எதிராளி மரியாதையாக விடமாட்டார். எண்பது கிலோ ஆள் மார்பின்மேல் படுத்திருக்கிறார், மூச்சு முட்டுகிறது, அவர் முழு பலத்தோடு என் கையை மடக்கப் பார்க்கிறார். தாங்க முடியாவிட்டால் இரண்டு தட்டு தட்டினால் உடனே விட்டுவிடுவார், காயமில்லை. அதனால்தான் மறுநாளும் வந்து அதையே முழு பலத்தில் செய்ய முடிகிறது. இந்த ஏற்பாட்டின் வேர் ஜூடோவில் இருக்கிறது. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882இல் தன் பள்ளியான கோடோகானைத் தொடங்கியபோது, ஆபத்தான அடிகளையும் குத்துகளையும் ஒருவரோடொருவர் மோதிப் பழகும் சுதந்திரப் பயிற்சியிலிருந்து ஒதுக்கிவைத்தார். மீதியை முழு பலத்தில் பழகலாம் என்பது அவருடைய கணக்கு. அவருடைய பள்ளியில் பயின்ற மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசிலுக்குப் போனார், பெலெம் நகரில் கார்லோஸ் கிரேசிக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தக் குடும்பத்து ஹொய்ஸ் கிரேசி 1993இல் டென்வரில் பல கலைக்காரர்களும் மோதிக்கொண்ட முதல் யுஎஃப்சி போட்டியில் தன்னைவிடப் பெரிய ஆட்களை மடக்கி வென்றபோதுதான் உலகம் இந்தப் பக்கம் திரும்பியது.

தொடக்கத்தில் ஒருவர் மேலே ஏறியதும் எனக்குத் தலைக்குள் எல்லாம் அணைந்துவிடும். கை தன்னால் உதறும், மூச்சு தொண்டையிலேயே நிற்கும். இப்போது அப்படி இல்லை. முழங்கை எங்கே, இடுப்பை எந்தப் பக்கம் நகர்த்தலாம், முதலில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று யோசிக்க நேரம் கிடைக்கிறது. பலத்தால் அல்ல, பழக்கத்தால். இதை வேறெந்த வகுப்பும் எனக்குத் தந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். "ஆம்பளைங்களோட உருள்றதா?" என்று முகம் சுளித்த அத்தைகூட, நான் அலுவலகக் கூட்டங்களில் பதறாமல் பேச ஆரம்பித்ததைக் கவனித்துச் சொன்னார்.

இந்த ஊர்ச் சட்டத்துக்கும் இது பொருந்தும். தண்டனைச் சட்டத்தொகுப்பின் 96ஆம் பிரிவிலிருந்து தற்காப்பு உரிமை பேசப்படுகிறது. உரிமை உண்டு, ஆனால் தேவைக்கு மிஞ்சிய காயம் விளைவிக்கக்கூடாது. போலீசிடம் போக நியாயமான வாய்ப்பிருந்தால் அந்த உரிமையே எழாது. மிளகுத் தெளிப்பானை உரிமமில்லாமல் கைப்பையில் வைத்திருக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்தில், மூக்கை உடைக்காமல் ஆளை அடக்கத் தெரிவது பெரிய விஷயம். அரசின் எஸ்ஜிசெக்யூர் இயக்கம் பயங்கரவாதத் தாக்குதலுக்குச் சொல்லும் ஓடு, ஒளிந்துகொள், தெரிவி என்ற வரிசையே மின்தூக்கித் தொல்லைக்கும் முக்கால்வாசி போதும். சத்தம் போடு, நகரு, 999ஐ அழை.

ஆனால் ஓடுவதற்கு நிற்கத் தெரிய வேண்டும். மறுபடியும் அங்கேயே வந்துவிட்டேன், பாருங்கள். பெண்களுக்கு இங்கே நிஜமாக வரும் தொல்லை கையைப் பிடிப்பது, இடுப்பில் கை போடுவது, மின்தூக்கியில் உரசுவது. எல்லாமே நின்ற நிலையில். அந்த நிலைக்கு எங்கள் வகுப்பில் ஒதுக்கப்படுவது ஆரம்பத்தில் சில நிமிடம், அதுவும் தேசிய தினத்தை ஒட்டிய சிறப்பு வகுப்புபோல எப்போதாவது.

சலவையைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தத் தடித்த பருத்திச் சட்டை டிசம்பர் மழையில் மூங்கில் கழியில் இரண்டு நாளானாலும் காயாது. காயாமல் போட்டால் நாற்றம், அதோடு தோலில் படை வரும். இரண்டு செட் இல்லாமல் சேராதீர்கள். மாதம் இருநூறு வெள்ளிக்குமேல் கட்டிவிட்டு, ஈரச் சட்டைக்காக வீட்டில் திட்டும் வாங்க வேண்டியிருக்கிறது.

தோழிக்கு நான் சொன்னது: மகளை முதலில் ஜூடோவில் சேர். சமூக மன்ற வகுப்பு கிடைத்தால் செலவும் குறைவு. ஜூடோக்காரர்கள் போட்டியில் காலைக் கையால் பிடிப்பதைத் தடைசெய்துவிட்டார்கள், தரையில் அதிக நேரம் விடமாட்டார்கள், குறை அங்கேயும் உண்டு. ஆனால் நிற்கக் கற்றுக்கொடுப்பார்கள், விழக் கற்றுக்கொடுப்பார்கள். வழுக்கும் ஈரத் தரையில்கூட உதவுகிற ஒரே பாடம் அந்த விழும் பாடம்தான். ஓராண்டு கழித்து ஜியு-ஜிட்சுவுக்கு வரட்டும். எந்தக் கூடமானாலும் அறிமுக வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். பயிற்சிச் சண்டையில் எத்தனை ஜோடி நின்றபடி தொடங்குகிறது, பெண்கள் எத்தனை பேர், ஒப்பந்தத்தை இடையில் நிறுத்த முடியுமா. இந்த மூன்றும் தெரிந்தால் மற்றதைச் சேர்ந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"அப்ப நீ நிறுத்தப்போறியா?" என்றாள். இல்லை, புதுக் கட்டணத்தில் ஓராண்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மதிப்பெண் கேட்டால், தற்காப்புக்கு ஐந்தில் இரண்டு. நின்றபடி பிடித்துப் பழக வாரம் ஒரு மணிநேரம் ஒதுக்கினால் நான்காக மாற்றித் தருகிறேன்.