பாக்கஸ் 6 மி.மீ. பிரெஞ்சுக் காலாட்படை: வாங்கலாமா, எப்படி வண்ணமிடுவது?

28 மி.மீ. உயரப் பொம்மைகளில் ஒரே ஒரு பட்டாலியன் பிடிக்கும் இடத்தில், 6 மி.மீ.யில் பல பட்டாலியன்கள் சேர்ந்த ஒரு பிரிகேடையே அணிவகுத்து நிறுத்தலாம். நெப்போலியன் காலத்துப் போரை மேசையில் ஆடுகிறவர்களுக்கு இந்தச் சிற்றளவு பிடிப்பது அதனால்தான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருந்து வரும் பாக்கஸ் நிறுவனத்தின் உலோகப் பொம்மைகளில் பிரெஞ்சுக் காலாட்படைதான் புதிதாகத் தொடங்குகிறவருக்குச் சரியான தேர்வு.

நான்கு வீரர்கள் ஒரே பட்டையில் வார்க்கப்பட்டிருக்கிறார்கள். பட்டையின் நீளம் ஏறத்தாழ 20 மி.மீ. எனவே 60க்கு 30 மி.மீ. பேஸில் (பொம்மைகளை ஒட்டும் அடித்தட்டு) வரிசைக்கு மூன்று பட்டை, இரண்டு வரிசை, மொத்தம் 24 பேர். தலையும் துப்பாக்கியும் உண்மை விகிதத்தைவிடச் சற்றுப் பெரியவை. படத்தில் பார்த்தால் இது குறையாகத் தோன்றும். கை எட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தால், ஷாகோ எனும் உயரமான தொப்பியும் மார்பின் குறுக்கே போகும் தோல் பட்டையும் தெளிவாகத் தெரிவதற்கு இதுவே காரணம் என்று புரியும்.

அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழும் வார்ப்புக் கோடு பெரும்பாலும் தொப்பியின் பக்கவாட்டில்தான் இருக்கும். கத்தியின் முதுகால் சுரண்டினால் போதும், அரம் வேண்டாம். துப்பாக்கி முனைக் கத்தியான பயனெட் எளிதில் வளையும். ஒருமுறை நிமிர்த்தலாம், திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, ஐஸ் குச்சியில் ஒரு பொட்டு ஃபெவிகாலால் பட்டைகளை ஒட்டிக்கொள்ளுங்கள். இடையில் ஒரு விரல் அளவு இடம் விடுங்கள். நெருக்கி ஒட்டினால் பிரஷ் முதுகுப்பக்கம் போகாது.

முதலில் கறுப்பு பிரைமர் (அடிப்பூச்சு), அதன்மேல் வெள்ளை டிரை பிரஷ், அதாவது பெயின்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட பிரஷால் மேடுகளை மட்டும் லேசாகத் தேய்ப்பது. இப்படிச் செய்தால் பள்ளங்கள் கறுப்பாகவே நிற்கும். நிறங்களுக்கு நடுவே கோடு போடும் வேலை மிச்சம். சீருடையின் மேல்சட்டைக்கு அசல் கருநீலத்தை எடுக்காதீர்கள். இவ்வளவு சிறிய பரப்பில் அது கறுப்பாகத்தான் தெரியும். இரண்டு படி வெளிறிய நீலம் போடுங்கள். அடுத்து முதுகுப்பைக்குத் தோல் பழுப்பு, அதன் மேலுள்ள சுருட்டிய மேலங்கிக்கு மணல் நிறம், துப்பாக்கிக்குப் பழுப்பு, முகத்துக்கும் கைக்கும் ஒவ்வொரு பொட்டு. கண், மீசை எதுவும் வேண்டாம். அக்ராக்ஸ் எர்த்ஷேட் வாஷுடன் (பள்ளங்களில் தேங்கி நிழல் தரும் நீர்த்த பழுப்புப் பெயின்ட்) அதே அளவு மீடியம் (நிறமற்ற நீர்ப்பான்) கலந்து ஒரு பூச்சு. அது முழுக்கக் காய்ந்த பிறகுதான் வெள்ளை: கால்சட்டை, மார்பு மடிப்பு, முதுகிலும் மார்பிலும் குறுக்குப் பட்டை. வெள்ளையை முதலில் போட்டு வாஷை மேலே விட்டால் படையே அழுக்கேறியதாகத் தெரியும். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். கடைசியில் கழுத்துப்பட்டியிலும் கைமடிப்பிலும் சிவப்பு, தொப்பித் தகட்டில் பித்தளைப் பொட்டு.

மிக நுண்ணிய 5/0 பிரஷ் வாங்காதீர்கள். முடி குறைவாக இருப்பதால் பொம்மையைத் தொடுவதற்குள் பெயின்ட் நுனியிலேயே காய்ந்துவிடும். நல்ல கூர் உள்ள 0 அல்லது 1 போதும்.

பேஸ்தான் பாதி வேலை. இந்த அளவில் 1 மி.மீ. என்பது நிஜத்தில் 30 செ.மீ. ஆகவே 1 மி.மீ. மணல் துகள் ஒரு பாறை; 2 மி.மீ. ஸ்டாடிக் கிராஸ் (செயற்கைப் புல் இழை) முழங்காலுக்கு மேல் வளர்ந்த புல். பெரிய பொம்மைகளுக்கான பேஸ் பொருட்களை அப்படியே இங்கே கொட்டினால் படை காட்டுக்குள் நிற்பதுபோல் ஆகிவிடும். டீ வடிகட்டியில் சலித்த நுண்மணல், ஃபெவிகால், பழுப்புப் பெயின்ட் மூன்றையும் குழைத்து, பல்குச்சியால் பட்டைகளின் விளிம்புவரை தடவுங்கள். பட்டையின் தடிமன் படிக்கட்டுபோல் துருத்திக்கொண்டு நிற்காமல் மறைய வேண்டும். காய்ந்ததும் வெளிர்மண் நிறத்தில் டிரை பிரஷ், பிறகு பொடி ஃபிளாக்கை (புல்போல் தெரியும் பச்சைத் தூள்) திட்டுத்திட்டாக ஒட்டுங்கள். தரை வெளிறியிருந்தால் நீலச் சீருடை தானாகவே எடுப்பாகத் தெரியும். அட்டை பேஸ் ஈரத்தில் வளையும், 2 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) நல்லது.

கொடிக்குத் தாளில் அச்சிட்டவை கிடைக்கின்றன. வெட்டி, மடித்து ஒட்டி, பசை ஈரமாக இருக்கும்போதே அலை வளைவு கொடுங்கள். வெட்டு விளிம்பில் தெரியும் வெள்ளைத் தாளுக்கு அதே நிறம் பூச மறக்காதீர்கள். 1808க்குப் பிறகு ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியனுக்கு மட்டுமே கொடிக்கம்பத்தின் உச்சியில் கழுகுச் சின்னம் என்பதால், அதை எல்லா பேஸிலும் நட வேண்டாம்.

மேட் வார்னிஷ் ஸ்பிரேயை மழை நாளில் தொடாதீர்கள். ஈரப்பதம் பனிபோல் வெளுத்துப் படிந்துவிடும். பிரஷால் பூசும் வார்னிஷ் எந்தப் பருவத்திலும் பத்திரம்.

தனித்தனி வீரனின் முகபாவத்தை ரசித்து வண்ணமிட விரும்புகிறவருக்கு இது ஏற்றதல்ல. அவர் 28 மி.மீ. வாங்கட்டும். வாட்டர்லூவில் பல டிவிஷன்கள் சேர்ந்த ஒரு முழு ‘கோர்’ படையையே நகர்த்த ஆசைப்படுகிறவர் தயங்காமல் வாங்கலாம். முதலில் ஒரே ஒரு பேக்கை வாங்கி, ஒரு பேஸை முழுதாக முடித்துப் பார்த்துவிட்டு, அதே நிறங்களில் மற்றவற்றைத் தொடருங்கள்.